பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா? தர்மபுரி டியூஷன் நோட்ஸில் ஒரு "பொது விதி"

பாலக்கோட்டான்:
அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். தர்மபுரியில் ஒரு டியூஷன் சென்டரில் கொடுத்த நோட்ஸைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, இது சரியா?" என்று கேட்டாள். உடல் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைப் பற்றிக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்: "ஏடிபி-யின் கடைசி பாஸ்பேட் பிணைப்பில் ஆற்றல் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. பொது விதி: பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிப்படும்."

பொது விதியாம்! எந்த ஊர் பொது விதி இது?

ஒரு மோல் (வேதியியலில் மூலக்கூறுகளை எண்ணும் அளவு) ஹைட்ரஜனைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 436 கிலோஜூல் கொடுக்க வேண்டும். குளோரினுக்கு 242. ஆக மொத்தம் 678 செலவு. பிரிந்த அணுக்கள் ஹைட்ரஜன் குளோரைடாகச் சேரும்போது மோலுக்கு 431 வீதம் இரண்டு மோலுக்கு 862 திரும்பி வருகிறது. செலவு போக மிச்சம் 184. வெப்பமாக வருவது அந்த மிச்சம். உடைக்கச் செலவு, சேர்ந்தால்தான் வரவு. இதை மாற்றி எழுதி, மாணவர்களிடம் பணமும் வாங்குகிறார்கள்.

அதியமான்கோட்டை:
அந்த நோட்ஸ் எழுதியவன் நான்தான். இருபது வருடமாக உயிரியல் நடத்துகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று டாக்டர்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் ஊர் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுகிறவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

1941-லேயே ஃபிரிட்ஸ் லிப்மன் "உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்பு" என்று எழுதி, அதற்கு நெளிகோடு போட்டுக் காட்டினார். நோபல் பரிசு பெற்றவர். அவரைவிடப் பாலக்கோட்டில் பெரிய ஆள் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஏடிபி உடைகிறது, மோலுக்கு சுமார் 30.5 கிலோஜூல் வருகிறது. தசை சுருங்குகிறது. கண்ணால் பார்க்கிற விஷயம்.

பாலக்கோட்டான்:
ஒளிந்துகொண்டு எழுதுகிறேனாம். "அதியமான்கோட்டை" உங்கள் அப்பா அம்மா வைத்த பெயரா சார்?

லிப்மன் 1953-ல் நோபல் வாங்கியது கோஎன்சைம் ஏ-வுக்கு, நெளிகோட்டுக்கு இல்லை. 30.5 என்பது ஒரு பிணைப்பு உடைந்ததன் கணக்கும் இல்லை. தண்ணீர் சேர்ந்து நடக்கிற முழு வினையின் கணக்கு அது. ஏடிபி-யில் மூன்று பாஸ்பேட்டுகள் எதிர்மின்சுமையோடு நெருக்கியடித்து நிற்கின்றன. நீராற்பகுப்பில் ஒன்று கழன்றதும் அந்த விலக்கு குறைகிறது. கழன்ற பாஸ்பேட் உடனிசைவால் (எலக்ட்ரான்கள் பல அணுக்களில் பரவி நிற்பதால்) நிலைப்படுகிறது, தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன, புதுப் பிணைப்புகளும் உண்டாகின்றன. இத்தனைக்கும் பிறகு வருகிற மிச்சத்தைத் தூக்கி உடைந்த பிணைப்பின் கணக்கில் எழுதினால் எப்படி? உடைக்கச் செலவு, சேர்ந்தால்தான் வரவு.

பிளஸ்ஒன் பாவம்:
பாலக்கோட்டான் சார், ஒரு சந்தேகம். நீங்கள் "உடைதல்" என்பது அந்த ஒரு பிணைப்பை மட்டும் பிய்ப்பதையா? அவர் சொல்வது அது உடைகிற வினை முழுவதையுமா? இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்களா?

அதியமான்கோட்டை:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே.

உண்டிவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை இழுத்துப் பிடித்தால் ஆற்றல் உள்ளே இருக்கிறது. விட்டால் வெளியே வருகிறது. ஏடிபி-யும் அப்படித்தான். எட்டாவது பையனுக்குப் புரிவது எம்.எஸ்ஸி படித்தவருக்குப் புரியவில்லை.

பாலக்கோட்டான்:
உண்டிவில் ரப்பர் உடைந்தால் கல் போகாது சார், உங்கள் முகத்தில்தான் அடிக்கும். ரப்பரை நாம் இழுத்து வைக்கிறோம். பிணைப்பில் இருக்கும் இரண்டு அணுக்களும் சேர்ந்திருப்பதால்தான் ஆற்றல் குறைந்த நிலையில் இருக்கின்றன. பிரித்து எடுக்க நாம்தான் கொடுக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், உடைக்கச் செலவு, சேர்ந்தால்தான் வரவு.

கிளிமூக்கு:
நான் வேதியியல் படித்தவன் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் வியாபாரம். ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதகொதவென்று கொதிக்கிறது. கட்டியாக இருந்த கல் பொடிப்பொடியாக உடைகிறது. உடைவதால்தானே சூடு?

பாலக்கோட்டான்:
அண்ணா, கல் உடைவது வேறு, பிணைப்பு உடைவது வேறு. அங்கே கால்சியம் ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. மோலுக்கு சுமார் 65 கிலோஜூல் வெளியே வருகிறது. சேர்வதால் வருகிற சூடு. இதற்கு முந்தைய கட்டத்தைப் பாருங்கள். காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கிறார்கள் இல்லையா, அதற்கு மோலுக்கு சுமார் 178 கிலோஜூல் வேண்டும். எத்தனை விறகு, எத்தனை கரி! பிரிப்பதற்கு அடுப்பு எரிக்கிறோம், சேரும்போது பானை கொதிக்கிறது. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

கிளிமூக்கு:
என் உதாரணம் என் பக்கம்தான் பேசும். வேகாத கல் வந்தால் தண்ணீர் ஊற்றினாலும் கொதிக்காது, அது தெரியுமா உங்களுக்கு?

பாலக்கோட்டான்:
வேகாத கல்லில் கார்பன் டை ஆக்சைடு போகவே இல்லை. அதனால்தான் கொதிக்கவில்லை. அதுவும் என் பக்கம்தான்.

ஓசூர் வெல்டர்:
ஐடிஐ முடித்தவன், பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மெரூன் சிலிண்டர், அசிட்டிலீன். உள்ளே வெறும் கேஸ் இருக்காது. நுண்துளை நிரப்பி, அதில் அசிட்டோன் ஊறி, அசிட்டோனுக்குள் கேஸ் கரைந்திருக்கும். ஏன் இவ்வளவு பாடு? வெறும் கேஸாக அழுத்தினால் காற்றே இல்லாமல் தானாக வெடித்துவிடும். ரெகுலேட்டரில் அழுத்தத்தை ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று முதல் நாளே மண்டையில் தட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் கிடையாது, எதோடும் சேரவில்லை. அசிட்டிலீன் உடைகிறது, வெடிக்கிறது. இப்போது சொல்லுங்க சார், உடைந்தால் வருமா, வராதா?

அதியமான்கோட்டை:
நெத்தியடி. பாலக்கோட்டாரே, இதற்கு என்ன கணக்கு?

பாலக்கோட்டான்:
நல்ல கேள்வி. ஆனால் பதில் மாறாது. அசிட்டிலீன் சிதைந்தால் மிச்சம் கரியும் ஹைட்ரஜனும். கார்பன் கார்பனோடு சேர்ந்து கரி ஆகிறது, ஹைட்ரஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து மூலக்கூறு ஆகிறது. பழைய பிணைப்புகளை உடைக்க ஆனதைவிடப் புதியவை உருவாகும்போது அதிகம் வருகிறது. மிச்சம் மோலுக்கு சுமார் 227 கிலோஜூல். உடைந்ததோடு கதை முடிந்திருந்தால், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் தனித்தனி அணுவாக நின்றிருந்தால், சிலிண்டர் வெடித்திருக்காது, குளிர்ந்திருக்கும். உடைக்கச் செலவு, சேர்ந்தால்தான் வரவு.

ஓசூர் வெல்டர்:
கரி சேர்ந்ததாமே! ஆக்சிஜனைத் திறக்காமல் டார்ச்சைப் பற்ற வைத்தால் பட்டறை முழுக்கக் கரித்தூள் பறக்கும். சட்டைக் காலர், மூக்கு, காது எல்லா இடத்திலும் தூசு. தூள் தூளாகப் பறப்பதைப் போய் "சேர்ந்தது" என்கிறீர்கள். துடைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும்.

பாலக்கோட்டான்:
ஒரு தூசுக்குள் எத்தனை கோடி கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்று தெரியுமா?

ஓசூர் வெல்டர்:
எனக்குத் தெரியாது. நீங்கள் எண்ணினீர்களா?

ஊத்தங்கரை டீச்சர்:
இரண்டு பக்கமும் சத்தம்தான் பெரிதாக இருக்கிறது. நோட்ஸில் இன்னொரு பிழையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்திலேயே "சோடியம் எலக்ட்ரானைக் கொடுத்து வெளிக்கூட்டில் எட்டு நிறைவதால் ஆற்றல் வெளிப்படுகிறது" என்று இருக்கிறது. சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் கொடுக்க வேண்டும். குளோரின் அதை வாங்கிக்கொண்டு 349 தருகிறது. அந்த இடத்தில் கணக்கு 147 நஷ்டம். அயனிகள் (மின்சுமை பெற்ற அணுக்கள்) படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வருகிற 787-தான் சாதாரண உப்பைத் தாங்குகிறது. எட்டு நிறைந்ததால் மட்டும் எதுவும் வருவதில்லை. பிள்ளைகள் இதைத்தான் தவறாக மனப்பாடம் செய்கிறார்கள்.

பாலக்கோட்டான்:
பார்த்தீர்களா, டீச்சரும் அதையே சொல்கிறார். அயனிகள் சேர்ந்தால்தான் வரவு.

ஊத்தங்கரை டீச்சர்:
நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. போன மாதம் "உப்பு தண்ணீரில் கரைவது இயற்பியல் மாற்றமா" என்ற விவாதத்தில் என்னை "பழைய பாடப்புத்தகம்" என்று எழுதியவர் நீங்கள்தான். மறக்கவில்லை.

பாலக்கோட்டான்:
அந்தக் கருத்தில் இப்போதும் நிற்கிறேன். அயனிப் படிகம் கரையும்போது அணிக்கோவை (அயனிகளின் அடுக்கு) பிரிகிறது, அதற்கும் செலவுதான். நீர்மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொள்வதால் ஏறக்குறைய அவ்வளவும் ஈடாகிறது. அதனால்தான் உப்பு கரைத்தால் டம்ளர் லேசாகக் குளிர்வதோடு சரி.

அதியமான்கோட்டை:
உப்பு, சுண்ணாம்பு, சிலிண்டர் என்று ஊரைச் சுற்றுகிறார். ஏடிபி-க்கு வாருங்கள். உடைந்தால் ஆற்றல் வருகிறதா இல்லையா? ஆம், இல்லை, ஒரே வார்த்தை.

பாலக்கோட்டான்:
உடைவதால் வரவில்லை.

அதியமான்கோட்டை:
அப்படியென்றால் தசை எதனால் சுருங்குகிறது? உங்கள் பிடிவாதத்தாலா?

கிளிமூக்கு:
இடையில் ஒன்று. அசிட்டிலீன் நாறும் என்று என் மச்சான் சொல்கிறான், கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் பூண்டு நாற்றம் வருமே, அது அசிட்டிலீன்தானே?

பாலக்கோட்டான்:
சுத்தமான அசிட்டிலீனுக்கு அந்த நாற்றம் கிடையாது. கார்பைடில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் மாசு பாஸ்பீனாக மாறுவதுதான் நாறுகிறது. ஆர்சனிக் மாசும் இருக்கும். மாம்பழம் பழுக்க வைக்க அதைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதியமான்கோட்டை:
மாங்காய் வியாபாரிக்குக் கார்பைடு நாற்றம் இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறதே!

கிளிமூக்கு:
சார், வார்த்தையை அளந்து பேசுங்கள். சின்ன வயதில் தேர்த்திருவிழாவுக்கு வரும் தள்ளுவண்டிகளில் கார்பைடு விளக்கு எரியும், அந்த நாற்றம் யாருக்குத்தான் தெரியாது? எங்கள் காய் எத்திலீன் அறையில் பழுக்கிறது. அரசு அனுமதித்த 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குள்தான். கிருஷ்ணகிரி மாங்கூழ் எத்தனை நாட்டுக்குப் போகிறது தெரியுமா? தர்மபுரிக்காரர்களுக்கு எங்களைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல்.

அதியமான்கோட்டை:
2004 பிப்ரவரி வரைக்கும் நீங்களும் தர்மபுரி மாவட்டம்தான் ஐயா. பிரிந்து போனவர்கள் பேசுகிறீர்கள்.

ஓசூர் வெல்டர்:
பிரிந்த பிறகுதான் எங்களுக்கு வரவு. இதுவும் என் பக்கம்.

பாலக்கோட்டான்:
மாவட்டம் பிரிந்ததை வைத்து வெப்ப இயக்கவியல் பேசாதீர்கள். புதிய கலெக்டர் ஆபீஸ் கட்டின செலவு யார் கொடுத்தது?

பிளஸ்ஒன் பாவம்:
சார், திரும்பவும் கேட்கிறேன். பிணைப்பு ஆற்றல் என்றால் உடைக்கத் தேவையான ஆற்றலா, உள்ளே இருக்கிற ஆற்றலா? நாளைக்கு யூனிட் டெஸ்ட்.

ஊத்தங்கரை டீச்சர்:
தம்பி, அதைப் பாடப்புத்தகத்திலேயே பார்த்துக்கொள். இவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பாலக்கோட்டான்:
நான் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படி. உடைக்கச் செலவு, சேர்ந்தால்தான் வரவு. நோட்ஸைத் திருத்துகிறேன் என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், நான் எழுந்து போய்விடுகிறேன்.

அதியமான்கோட்டை:
திருத்துவதாவது! அடுத்த பேட்ச்சுக்கு ஜெராக்ஸ் போட்டாயிற்று. அதே பக்கம், அதே கட்டம். நுழைவுத் தேர்வில் "உயர் ஆற்றல் பிணைப்பு" என்றுதான் வினா வருகிறது, விடையும் அதுதான். மார்க் வாங்குவதா, உங்களிடம் சபாஷ் வாங்குவதா?

பாலக்கோட்டான்:
அதே தேர்வில் வேதியியல் பகுதியில் பிணைப்பு ஆற்றலை வைத்து வினை வெப்பம் கணக்கிடச் சொல்வார்கள். உங்கள் பொது விதியைப் போட்டால் விடை குறி மாறி வரும். பிள்ளை மைனஸ் மார்க்கோடு வருவாள். அப்போது உயிரியல் சார் பொறுப்பா, லிப்மன் பொறுப்பா?

அதியமான்கோட்டை:
உங்கள் அக்கா மகளை வேறு சென்டருக்கு அனுப்புங்கள். ஃபீஸ் மட்டும் திரும்பக் கேட்காதீர்கள்.

ஓசூர் வெல்டர்:
கரித்தூளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாலக்கோட்டான்:
ஐந்து முறை சொல்லியாயிற்று! ஆறாவது முறையும் சொல்கிறேன்...

கிளிமூக்கு:
அது கிடக்கட்டும். என்னைக் கார்பைடுக்காரன் என்று எழுதிய பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. நீக்குகிறீர்களா இல்லையா சார்?