கார்ட் பாதை ஓரம்: ஒரு பக்கம் புல் ஏறுது, ஒரு பக்கம் மண்ணு அரிக்குது

கேள்வி – புல்தரை
எல்லாருக்கும் வணக்கம். 18 குழி கோல்ஃப் மைதானத்துல பராமரிப்பு வேலை பாக்குறேன், விளையாடுறவங்க சின்ன வண்டில போற கார்ட் பாதை முழுக்க கான்கிரீட். நேரா போற இடத்துல எல்லாம் பெர்முடா புல் கொடி விட்டு பாதை மேல ஒரு சாண் தூரம் ஏறி படுத்துக்குது. வளைவுலயும் டீ (முதல் அடி அடிக்கிற மேடை) பக்கத்துல வண்டி நிறுத்துற இடத்துலயும் அப்படியே தலைகீழ், புல்லே கிடையாது, வெறும் மண்ணு, மழை பெஞ்சா அதுவும் கரைஞ்சு ஓடி கான்கிரீட் ஓரம் அந்தரத்துல நிக்குது. போன வாரம் ஒரு வண்டிச் சக்கரம் அதுல இறங்கி ஓரம் ஒரு கை அகலத்துக்கு பேந்து போச்சு. மூணு தடவ மண்ணு கொட்டி புல் பத்தை வெச்சு பாத்துட்டோம், ஒரு மாசம் கூட தாங்கல. கூட வேலை பாக்குறவங்க ஓரம் பூரா கிளைபோசேட் களைக்கொல்லி அடிச்சுட்டா வெட்டுற வேலையே மிச்சம்ங்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்ணலாம்?

பதில் – மண்வாசம்
மருந்து அடிக்காதீங்க அண்ணே, கெஞ்சி கேக்குறேன். கான்கிரீட் மேல விழுந்த மருந்து மண்ணுக்குள்ள இறங்காது, ஈரம் காயறதுக்குள்ள சக்கரமோ செருப்போ மிதிச்சா அது போற இடமெல்லாம் புல் மஞ்சளாகும். அதோட அந்த ஓரத்து மண்ண புடிச்சு வெச்சிருக்கறதே வேருதான், வேர் செத்துப்போனா உங்க வளைவுல இருக்கற அரிப்பு நேர் பாதைக்கும் வந்துடும்.

கொடி ஏறுற இடத்துக்கு எட்ஜர்தான் (ஓரம் வெட்டுற மெஷின்) சரி, பிளேடு செங்குத்தா நிக்கும். புல் வெட்டுற ட்ரிம்மர சாய்ச்சு புடிச்சு ஓட்டினா ஓரத்துப் புல்ல மொட்டையடிச்சுடும். மழைக்கு மறுநாள் மண்ணு இளகி இருக்கும்போது, பிளேடு கான்கிரீட் பக்கவாட்ட ஒட்டியே போகணும், ஒரு அங்குல ஆழம் போதும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வெட்டினா அங்க ஒரு வாய்க்கால் உண்டாகி தண்ணி அது வழியா ஓட ஆரம்பிச்சுடும், நிறைய இடத்துல அரிப்போட ஆரம்பமே இதுதான். வெட்டின கொடிய அன்னைக்கே வாரிடுங்க, பெர்முடால ஒரு கணு ஈரத்துல கிடந்தாலே வேர் விட்டுடும், ப்ளோயர்ல ஊதி பங்கர்ல (மணல் குழி) தள்ளிட்டா அப்புறம் மணலுக்குள்ள புல் புடுங்கணும். வளர்ற சீசன்ல ட்ரைனெக்ஸாபேக் ஈத்தைல் மாதிரி வளர்ச்சிய மட்டுப்படுத்துற மருந்த லேபிள்ல போட்ருக்க அளவுக்கு அடிச்சா வெட்டுற இடைவெளி கூடும், அது புல்ல கொல்லாது.

பதில் – காலைப்பனி
மண்வாசம் சொன்னது கொடிக்கு சரி. ஆனா வெறும் மண்ணா கிடக்கற இடத்துக்கு வைத்தியம் வேற. மூணு தடவ பத்தை வெச்சும் நிக்கலன்னா தப்பு புல்லு மேல இல்ல, வண்டி ஏன் பாதைய விட்டு இறங்குதுன்னு யாரும் பாக்கல. காலைல ஒரு மணி நேரம் அங்கயே நின்னு சக்கரத்த மட்டும் பாருங்க.

அடுத்தது அந்த மண்ணு, சக்கரம் அழுத்தி அழுத்தி கல்லு மாதிரி ஆகியிருக்கும், அது மேல பத்தைய வெச்சா வேர் எங்க போகும்? ஹாலோ டைன் (உள்ள குழாய் மாதிரி இருக்கற குத்தூசி) போட்டு குத்தி மண்ண எடுத்துட்டு மணல் நிரப்புங்க, புல் புடிக்கற வரைக்கும் கயிறு கட்டி வைங்க, கட்டின கயிற வாரம் ஒருக்கா இடம் மாத்துங்க, இல்லன்னா கயிறு முடியற எடத்துல புதுசா ஒரு வழுக்கை விழும்.

பதில் – நாலாவது ஷாட்
விளையாடுறவன் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். பந்து கான்கிரீட் மேல நின்னா கோல்ஃப் விதி 16.1 படி தண்டனை ஷாட் இல்லாம எடுத்து, விதி சொல்ற பக்கத்து இடத்துல ட்ராப் பண்ணலாம் (கைல இருந்து கீழ விடலாம்). பக்கத்துல வெறும் மண்ணுல நின்னா, மண்ணு தேஞ்சிருக்குங்கறதுக்காக மட்டும் அந்த சலுகை கிடையாது, கமிட்டி அத பழுதுபாக்கற இடம்னு குறிச்சிருந்தாதான் உண்டு. வேலை முடியற வரைக்கும் வெள்ளைக் கோடு போட்டு, அங்க இருந்து ஆடக் கூடாதுன்னும் குறிக்கச் சொல்லுங்க, புதுப் பத்தைய யாரும் ஐயன் (இரும்பு மட்டை) வெச்சு பேத்துப் போட மாட்டாங்க.

புல்தரை
காலைப்பனி சொன்னபடி இன்னைக்கு 7ஆவது டீ கிட்ட நின்னேன். பந்து கழுவுற கம்பம் இடப்பக்கம் புல்லுல நிக்குது, அத எட்டுறதுக்காக வர்ற வண்டி எல்லாம் இடது சக்கரம் ரெண்டையும் கீழ இறக்கித்தான் நிறுத்துது. இத்தனை நாள் தினமும் அந்தப் பக்கம் போயும் இது கண்ணுல படல. கம்பத்த வலப்பக்கம் பாதைய ஒட்டி மாத்த சொல்லிட்டேன். வளைவுக்கு கெர்ப் (பாதை ஓரத் தடுப்பு) கட்டலாமா?

காலைப்பனி
கட்டலாம், உள்வளைவுல கட்டாயம் வேணும், எல்லாரும் குறுக்க வெட்டுறது அங்கதான். ஆனா தொடர்ச்சியா கட்டிடாதீங்க, தண்ணி இறங்குற தாழ்ந்த பக்கத்துல இடைவெளி விட்டு அந்த வாயில சல்லிக் கல்லு போடுங்க. அந்தரத்துல நிக்கற ஓரத்துக்கு அடியில மண்ண ஒரே தடவையா கொட்டாம ரெண்டு மூணு அங்குலமா போட்டு ஒவ்வொண்ணா இடிச்சு கெட்டிப்படுத்துங்க. மேல் அடுக்கு மட்டும் இளக்கமா இருக்கட்டும், பத்தைக்கு கனம் எவ்வளவோ அவ்வளவு கீழ நிறுத்தினா பத்தை வெச்சதும் புல் அடி கான்கிரீட் மட்டத்துக்கு வரும். அதுக்கு மேல ஏறினா பாதைல தண்ணி தேங்கும்.