வார்டில் ஓரமாக நிற்கும் மாணவிக்கு: சிங்கப்பூர்த் தாதியர் சிலரின் அனுபவங்கள்

இரண்டாம் ஆண்டு மாணவி, பலதுறைத் தொழிற்கல்லூரி

அக்காமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். தாதிமை படிக்கிறேன். ஜூலைக் கடைசியில் எனக்குப் பொது மருத்துவ வார்டில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, தொடங்குகிறது. போன முறை பாதி நேரம் துணி டிராலி பக்கத்திலேயே நின்று கழித்தேன். ஏதாவது கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்பார்கள், அந்த அப்புறம் வரவே வராது. கேட்காமல் இருந்தால் ஆர்வமில்லாத பிள்ளை என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள். வகுப்பில் பொம்மைக்கு எல்லாம் தைரியமாகச் செய்கிறேன், உயிருள்ள மனிதர் என்றால் கை நடுங்குகிறது. எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான், வீட்டில் கேட்க யாரும் இல்லை. நீங்கள் வார்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்களேன்.

மூத்த தாதி, பொது மருத்துவ வார்டு

அந்த "அப்புறம்" நானும் சொல்லக்கூடியவள்தான்மா. கெட்ட எண்ணம் கிடையாது. காலைப் பணி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், எப்போது வாயைத் திறப்பது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஏழு மணி வாக்கில் ரிப்போர்ட் எடுப்போம். முடிந்த கையோடு பாராமீட்டர் (நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல் பார்ப்பது), ஹைப்போகவுன்ட் (விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது), இன்சுலின், காலைச் சாப்பாடு, மருந்துச் சுற்று. நடுவில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார்கள். மருந்து கொடுக்கும்போது தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய மேலாடையைச் சில மருத்துவமனைகளில் மாட்டிக்கொள்வார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து "அக்கா, இந்த மாத்திரை எதுக்கு?" என்றால் எனக்குக் கணக்கு விட்டுப்போகும். பதில் வராது, முறைப்புதான் கிடைக்கும். மதியப் பணிக்காரர்கள் வந்த பிறகு இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்து இருக்கும் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதுதான் கேள்வி கேட்கத் தோதான நேரம். அதுவரை ஒரு துண்டுத் தாளில் குறித்து வையுங்கள். நோயாளியின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ அதில் இருக்கக் கூடாது. பையில் போட்ட தாள் எம்ஆர்டி ரயிலில் விழும்.

ஆனால் நோயாளியைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று பட்டால் நேரம் காலம் பார்க்காதீர்கள். மேலாடையாவது ஒன்றாவது, வந்து தோளைத் தட்டுங்கள்.

எங்கள் வார்டில் நெஞ்சுச் சளி என்று ஒரு தாத்தா சேர்ந்திருந்தார். திரையில் ஆக்சிஜன் அளவு 95. மூச்சு எண்ணிக்கை வேளாவேளைக்கு 18, 18, 18 என்றே ஏறியிருந்தது. (இந்தப் பதினெட்டைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்ப வேண்டும். நிஜமாகவே எண்ணினால் யாருக்கும் இப்படி ஒரே எண் திரும்பத் திரும்ப வராது.) ஒரு மாணவி அவருடைய மணிக்கட்டை, நாடி பார்ப்பது மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணை அவர் நெஞ்சில் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணியிருக்கிறாள். 28 வந்திருக்கிறது. தாத்தா சாப்பாட்டு மேசையை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை பேச்சு நின்றது. அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, இருபத்தெட்டு. நான் தப்பா எண்ணியிருக்கலாம், நீங்க ஒரு தடவை பாருங்க" என்றாள். போய் எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது. நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்க நாங்கள் போடும் எச்சரிக்கை மதிப்பெண்ணில், மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே அதற்கான உச்சப் புள்ளி விழும். உடனே டாக்டரைக் கூப்பிட்டோம். அன்றே தாத்தாவைத் தீவிரக் கண்காணிப்புக்கு மாற்றினார்கள்.

அவள் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். எண்ணைச் சொன்னாள், சந்தேகத்தையும் சொன்னாள், என்னை வரச் சொன்னாள். இதற்கு மேல் உங்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னதும் ஆள் மூச்சு விடும் விதத்தையே மாற்றிவிடுவார். விரலில் மாட்டும் கருவி கறுத்த தோலில் உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம், நம் ஆட்களைப் பார்க்கும்போது அதையும் மனதில் வையுங்கள்.

இஎன் அக்கா, சமூக மருத்துவமனை

அக்கா சொன்னது சரி, ஆனால் வார்டில் ஆர்என் (பதிவு பெற்ற தாதி) மட்டுமா இருக்கிறார்கள்? அவர்களுக்கு அடுத்த நிலையில் இஎன் நாங்களும் இருக்கிறோம். நான் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து வந்தவள். தங்கச்சி, டிராலி பக்கத்தில் நிற்கிற நேரத்தில் எங்களோடு குளிப்பாட்ட வாங்க. பல பிள்ளைகளுக்கு அது பிடிக்காது, டயபர் மாற்றவா டிப்ளோமா படிக்கிறேன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். ஆனால் ஒருவரைத் தலையிலிருந்து கால் வரை முழுசாகப் பார்க்கக் கிடைப்பது அந்த நேரத்தில்தான்.

பக்கவாதம் வந்த தமிழ்ப் பாட்டி ஒருவரைப் புரட்டிக்கொண்டிருந்தோம். கூட இருந்த மியன்மார்க்காரத் துணைப் பணியாளர், ஒரு மாணவியின் கையைப் பிடித்துப் பாட்டியின் வாலெலும்பு மேல் வைத்து, பிறகு அரை அடி தள்ளி இடுப்பில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு இடம் மட்டும் சூடாக, கெட்டியாக இருந்தது. புத்தகத்தில் என்ன போட்டிருக்கும்? சிவந்திருக்கிறதா பார், விரலால் அழுத்தி வெளுக்கிறதா பார் என்றிருக்கும். பாட்டி நல்ல கறுப்பு. சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டால்தான் படுக்கைப் புண் வரப்போவது தெரியும். வந்துவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகலாம்.

குதிகாலையும் மறக்காமல் பாருங்கள். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்தால் குதிகால் மெத்தையில் படாது. இதெல்லாம் எங்களிடம் கேளுங்கள், எந்த நேரமானாலும் சொல்வோம். வேலை செய்துகொண்டே பேசுகிறவர்கள் நாங்கள்.

எலும்பு முறிவு வார்டு, ஆண் தாதி

என்எஸ்ஸில் (தேசிய சேவையில்) மருத்துவ உதவியாளராக, அதாவது மெடிக்காக, இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். தம்பிகள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இது. வயதானவர்கள் உங்களை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் திருத்துங்கள், கேட்கச் சுகமாக இருக்கிறதென்று விட்டுவிட்டால் நாளைக்கு உங்களிடம் ஆபரேஷன் தேதி கேட்பார்கள்.

பெண் நோயாளிகளிடம் முதலில் கேளுங்கள், பிறகு திரையை இழுங்கள், துணைக்கு ஒரு பெண் தாதியைக் கூப்பிடுங்கள். மக்சிக் (வயதான மலாய் அம்மா) ஒருவர் என்னைக் கண்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். கூட வேலை பார்த்த பெண் தாதியிடம் அவரை மாற்றிவிட்டு, அந்தத் தாதி பார்த்துவந்த மூன்று அங்கிள் நோயாளிகளை நான் கவனித்தேன். மக்சிக் கடைசிவரை என்னைக் கிட்டே விடவில்லை. டிஸ்சார்ஜ் அன்று பையை மட்டும் தூக்கி வரச் சொன்னார். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அது அவர் உடம்பு.

இரண்டாம் ஆண்டு மாணவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். போன போஸ்டிங்கில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் இருந்தார். தமிழ் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டு, ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தை அவருக்கு விளக்கச் சொன்னார்கள். இடையில் எங்கள் வார்டுப் பயிற்சியைக் கவனிக்கும் ஆசிரியர், கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், வந்து நிறுத்திவிட்டார். நான் செய்திருக்கலாமா, கூடாதா?

மூத்த தாதி, பொது மருத்துவ வார்டு

அவர் நிறுத்தியது சரி. ஆபரேஷனில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, அதை மொழிபெயர்க்க மருத்துவமனை ஏற்பாடு செய்யும் ஆள் இருக்க வேண்டும். "நான் மாணவி, இதுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

ஆனால் தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, வீட்டுக்குப் பேசினீர்களா என்பதெல்லாம் உங்களால் மட்டுமே முடிந்த வேலை, அதை விட்டுவிடாதீர்கள். நம் ஊழியர்களிடம் வலி எத்தனை, பத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. "பரவாயில்லமா, ரெண்டு" என்பார்கள், நெற்றியில் வேர்வை ஓடும். ராத்திரி தூங்கினீர்களா, திரும்பிப் படுக்க முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும்.

ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வலி நிவாரணியை வேண்டாம் என்று தள்ளினார். தோண்டிக் கேட்டால், ஒவ்வொரு மாத்திரைக்கும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ அறையில் சொல்லியிருக்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் வருகிறவர்களுக்கு முதலாளிதான் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அதன் வரம்பு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. பில் கணக்கைப் பற்றி நீங்கள் எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். அவருக்கு என்ன பயம் என்பதைத் தாதியிடம் சொல்லி, மருத்துவச் சமூக ஊழியரை வரவழையுங்கள். நான் சொன்ன நோயாளி, சமூக ஊழியர் வந்து பேசிய பிறகுதான் மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

குழந்தைகள் வார்டு

சின்ன விஷயம். கையில் கோயில் கயிறு இருந்தால் போஸ்டிங்குக்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்துவிடுங்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது, கயிறு ஈரத்தைப் பிடித்து வைக்கும், கை கழுவியும் பலனில்லை. வார்டு வாசலில் வைத்துக் கழற்றச் சொன்னால் பிள்ளைகளுக்கு அழுகை வருகிறது. நான் முஸ்லிம். 2021 நவம்பரிலிருந்துதான் பொது மருத்துவமனைகளில் தாதியர் தூடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி) அணிய வழி பிறந்தது. அதற்கு முன்னால் வேலைக்குள் நுழையும்போது கழற்றி, முடித்ததும் அணிந்துகொண்டு வீட்டுக்குப் போனவள்தான் நானும். இப்போதும் கை விஷயத்தில் எனக்கும் அதே விதிதான்.

பணி ஓய்வு பெற்றவர்

நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி 1992-இல் தாதிமைப் படிப்பை எடுத்து நடத்துவதற்கு முந்தைய ஆள் நான். ஊட்ரம் வட்டாரத்தில் படிப்பு, விடுதியில் சாப்பாடு. சிஸ்டர் (வார்டுப் பொறுப்பிலுள்ள மூத்த தாதி) உள்ளே வந்தால் எழுந்து நிற்போம். இன்றைக்குப் பிள்ளைகள் ஹெட் நர்ஸிடமே சிரித்துப் பேசுவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். பொது மருத்துவ வார்டில் ஒரு சாவையாவது பார்ப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் கடைசிச் சுத்தம் செய்ய யாராவது உங்களையும் கூப்பிடலாம். முடியாது என்றால் முடியாது என்று சொல்லலாம், அதில் மதிப்பெண் குறையாது. போவதென்றால் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் செய்யும்போது இறந்தவரிடம் பேசிக்கொண்டே செய்வோம், "ஆ மா (சீனப் பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்), இப்ப திருப்பறோம்" என்று. முதலில் விநோதமாக இருக்கும், பிறகு உங்களுக்கும் அது வந்துவிடும். தாலி, மோதிரம் எதையும் குடும்பத்தைக் கேட்காமல் கழற்றாதீர்கள். உடலிலேயே இருக்கட்டும் என்றால் டேப் ஒட்டி, என்ன இருக்கிறது என்று எழுதி, இரண்டு பேர் பார்த்ததாகப் பதிய வேண்டும். முஸ்லிம் குடும்பமென்றால் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முடித்துவிட்டு நேரே அடுத்த நோயாளியிடம் போகாதீர்கள், பிரிசெப்டரிடம் (வார்டில் உங்களைப் பார்த்துக்கொள்ளும் தாதி) சொல்லிவிட்டு ஒரு மைலோ குடியுங்கள். 2003 சார்ஸ் கிருமித்தொற்று சமயத்தில் அதற்குக்கூட நேரமில்லாமல் ஓடினோம். சிங்கப்பூரில் இறந்த 33 பேரில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். அப்போது பேசாமல் அமுக்கி வைத்ததெல்லாம் பல வருஷம் கழித்து வேறு வேறு ரூபத்தில் வெளியே வந்தது.

ஜூலைக் கடைசியில் போகிறீர்கள் என்றால் ஆகஸ்ட் 1 அன்று அங்கேதான் இருப்பீர்கள். தாதியர் தினம், கேக் வரும். 1885-இல் அந்தத் தேதியில்தான் கான்வென்ட் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் செப்பாய் லைன்ஸில் இருந்த பொது மருத்துவமனையில் தாதி வேலையைத் தொடங்கினார்கள். கேக் வெட்டுகிற பாதிப் பேருக்கே தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்.

உதவித் தாதி மேலாளர், அறுவை சிகிச்சை வார்டு

எல்லாரும் நல்லபடியாகச் சொல்லிவிட்டீர்கள், நான் கசப்பானதைச் சொல்கிறேன். "இந்தப் பிள்ளை வேண்டாம், வேற ஆளை அனுப்பு" என்று உங்கள் தோல் நிறத்தைப் பார்த்து ஒரு நோயாளியோ உறவினரோ சொல்லலாம். நான் பார்த்த ஒரு மாணவி அதைச் சிரித்து மழுப்பிவிட்டு, கழிப்பறைக்குள் போய் நெடுநேரம் நின்றாள். அவளாக வந்து சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கை ஆன்ட்டிதான் என்னைக் கூப்பிட்டு, "மிஸ்ஸி, அந்தச் சின்னப் பொண்ணைப் போய்ப் பாருங்க" என்றார்.

நோயாளிக்கு உடம்பு முடியாது, பாவம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். குழப்ப நிலையில் இருக்கும் முதியவர் கத்துவது வேறு, தெளிவாக இருக்கிறவர் திட்டுவது வேறு. இரண்டாவது வகைக்கு நீங்கள் பதில் பேச வேண்டாம், பொறுத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். "என் தாதியைக் கூப்பிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேசுவது எங்கள் வேலை. பொதுத் துறை மருத்துவமனை ஊழியரை மிரட்டுவதும் தகாத வார்த்தையால் ஏசுவதும் 2014-இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

எந்தப் படுக்கை, எத்தனை மணி, என்ன வார்த்தை என்று அன்றைக்கே எழுதிப் பொறுப்பில் இருக்கும் தாதியிடமும் உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமும் கொடுங்கள். வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூசிக்கொண்டு "மரியாதைக் குறைவாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சம்பவப் பதிவு எங்கே, எப்படிச் செய்வது என்று போஸ்டிங் முதல் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.