44×33 சென்சார் கேமரா இன்னும் விலை இறங்குமா, இருப்பதை வாங்கிவிடலாமா?

நெசவு ஸ்டூடியோ (கேள்வி):

பட்டுப்புடவை, நகை கேட்லாக், கூடவே ஓவியங்களை நகலெடுக்கும் வேலை. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ சென்சார்). இப்போது 30 அங்குல அகலத்தில் போஸ்டர் கேட்கிறார்கள். 6000 பிக்சலை 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 200தான் வருகிறது. தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. ஆனால் கடைக்காரர் கிட்டே போய் ஜரிகையை எண்ணுகிறார்.

இரண்டு கேள்வி. ஒன்று, இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் 3,000 டாலர் அளவில் புது மீடியம் ஃபார்மட் (44×33 மி.மீ சென்சார்) பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, வர வாய்ப்பு உண்டா? இரண்டு, வராது என்றால் செகண்ட் ஹேண்டில் ஃபுஜியின் 50 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் அல்லது 50எஸ் 2 வாங்குவதா, 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமுக்குப் போவதா?

வில்லைக்காரன்:

முதல் கேள்விக்கு என் பதில்: காத்திருக்காதீர்கள். அறிமுக விலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும். 2010இல் பென்டாக்ஸ் 645டி சுமார் 10,000 டாலர். 2014இல் 645இசட் சுமார் 8,500. 2017 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 6,499. 2018இல் 50ஆர் 4,499. 2021இல் 50எஸ் 2 வந்தபோது 3,999. எல்லோரும் இந்தக் கோட்டை அப்படியே கீழே நீட்டி, அடுத்தது 3,000 என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. அதன்பின் 50 மெகாபிக்சலில் புது பாடியே வரவில்லை. 2024இல் வந்த 100எஸ் 2 4,999 டாலர். அதாவது நுழைவு வாசல் கீழே இறங்கவில்லை, 1,000 டாலர் மேலே ஏறிவிட்டது.

காரணம் சென்சாரின் பரப்பு. 43.8×32.9 மி.மீ என்றால் 1,441 சதுர மி.மீ, ஃபுல் ஃப்ரேம் 864. விகிதம் 1.67தான், ஆனால் செலவு அந்த விகிதத்தோடு நிற்காது. 300 மி.மீ சிலிக்கன் தட்டின் பரப்பு சுமார் 70,700 சதுர மி.மீ. ஓர வீணடிப்பை விட்டுவிட்டு வெறுமனே வகுத்தால் ஃபுல் ஃப்ரேம் 81 வரும், 44×33 சென்சார் 49 வரும். இனி பழுதைச் சேருங்கள். சென்சாரையே வீணாக்கும் பழுது ஒரு சதுர செ.மீ.க்கு 0.05 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக எடுத்த எண், எந்தத் தொழிற்சாலையின் எண்ணும் அல்ல). சின்னதில் 65 சதவீதம் தேறும், பெரியதில் 49 சதவீதம்தான். ஆக ஒரு தட்டில் தேறுவது 53க்கு எதிரே 24. பரப்பு 1.67 மடங்கு, விலை 2.2 மடங்கு. வட்டமான தட்டில் பெரிய செவ்வகம் ஓரத்தில் இன்னும் அதிகம் வீணாகும், அதனால் உண்மையில் இதைவிட மோசம்.

அப்படியும் ஃபுஜி 3,999க்கு விற்க முடிந்தது ஏன்? ஃபுஜியிடம் ஃபுல் ஃப்ரேம் வரிசையே இல்லை. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) உள்ள எக்ஸ் வரிசை, அதற்கு மேலே நேராக ஜிஎஃப்எக்ஸ். தன் சொந்தச் சரக்கையே அடிக்கும் பயம் கிடையாது. பிராசஸர் எக்ஸ் வரிசையோடு பொது, 50எஸ் 2இன் பேட்டரி எக்ஸ்-டி4இல் இருக்கும் அதே என்பி-டபிள்யூ235. இப்படிப் பங்குபோட்டுத்தான் இறக்கினார்கள். அதற்கும் கீழே இறக்க இனி பாடியில் வெட்ட எதுவும் மிச்சம் இல்லை.

கருவிழி:

வில்லைக்காரன் சார் சொன்ன எண்கள் சரி, முடிவில் பாதிதான் ஒத்துப்போகிறேன். 100 மெகாபிக்சலை மட்டும் தனியாகப் பாருங்கள்: 2019இல் ஜிஎஃப்எக்ஸ் 100 9,999 டாலர், 2021இல் 100எஸ் 5,999, 2024இல் 100எஸ் 2 4,999. ஐந்து ஆண்டில் பாதி. விலை இறங்கத்தான் செய்கிறது. ஆனால் வாசல்படியில் அல்ல, மேல் மாடியில்.

ஹாசல்பிளாட் நிறுவனமும் அதே கதை. எக்ஸ்1டி 2016இல் 8,995, அதன் இரண்டாம் பதிப்பு 2019இல் 5,750. பிறகு 100 மெகாபிக்சலுக்குத் தாவியதும் எக்ஸ்2டி 8,199க்கு ஏறி, 2025இல் வந்த எக்ஸ்2டி 2 7,399க்கு இறங்கியது. சென்சார் ஒன்று பழசாகிற வரைக்கும் விலை சரியும், புது சென்சார் வந்ததும் குதிக்கும், மறுபடி சரியும். இப்போது 100 மெகாபிக்சல் சென்சார் சரியும் கட்டத்தில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது 2025இல் வந்த ஃபுஜியின் 100ஆர்எஃப். 35 மி.மீ எஃப் 4 லென்ஸ் நிலையாகப் பொருத்தியது, அறிமுகத்தில் 4,899. லென்ஸையும் சேர்த்தே 100எஸ் 2 பாடியைவிட 100 டாலர் குறைவு. உள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டுவது) இல்லை, லென்ஸ் மாற்றும் மவுண்ட் இல்லை, ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர். விலையை இறக்க வேண்டுமென்றால் இவர்கள் எதையெல்லாம் கழற்றுவார்கள் என்று இதிலேயே தெரிகிறது. 50ஆர் போல ஒரு எளிய பாடியில் 100 மெகாபிக்சல் போட்டு 4,000க்குச் சற்றுக் கீழே வரலாம் என்பது என் ஊகம். 3,000க்கு வராது.

ஒரே ஒரு விஷயம் இந்தச் சந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும்: ஜிஎஃப்எக்ஸ் மவுண்டுக்கு சிக்மாவோ டாம்ரானோ ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் போடவில்லை. மிட்டகான் 65 மி.மீ எஃப் 1.4, டிடி ஆர்ட்டிசான் 90 மி.மீ எஃப் 1.25, லாவோவா 17 மி.மீ எஃப் 4 எல்லாம் கையால் திருகுபவை. எண்ணிக்கை விற்காத மவுண்டுக்கு மோட்டார் லென்ஸ் செய்ய யாரும் பணம் போட மாட்டார்கள். அது வரும் நாளில் சந்தை மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பொடிமணி:

விலையை விடுங்கள், உங்கள் வேலைக்கு 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். குறிப்பாக நகைக்கு.

ஜிஎஃப்எக்ஸுக்கான ஜிஎஃப் 120 மி.மீ எஃப் 4 லென்ஸ் மக்ரோ (மிகக் கிட்டே எடுப்பது) என்ற பெயரில் வந்தாலும் தனியாக 1:2 வரைதான் போகும். 20 மி.மீ அகலமுள்ள ஜிமிக்கி சென்சாரில் 10 மி.மீ ஆகத்தான் விழும். 43.8 மி.மீ.யில் 8256 பிக்சல் என்றால் ஜிமிக்கிக்குக் கிடைப்பது சுமார் 1,880. அதே ஜிமிக்கியை ஃபுல் ஃப்ரேம் 61 மெகாபிக்சலில், 1:1 போகும் சாதாரண 90 மி.மீ மக்ரோவில் எடுத்தால் சுமார் 5,300 பிக்சல். மூன்று மடங்குக்கு அருகில். ஜிஎஃப்எக்ஸில் 1:1 வேண்டுமென்றால் 45 மி.மீ எக்ஸ்டென்ஷன் ட்யூப் தனியாக வாங்க வேண்டும்.

காசையும் பாருங்கள். அறிமுக விலையில் 50எஸ் 2 3,999, ஜிஎஃப் 120 2,699, மொத்தம் 6,698. சோனி ஏ7ஆர் 5 3,899, 90 மி.மீ மக்ரோ 1,099, மொத்தம் 4,998. பாடியில் 100 டாலர்தான் வித்தியாசம், மக்ரோ சேர்ந்ததும் 1,700.

போஸ்டர் கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 8256 பிக்சல் 30 அங்குலத்துக்கு 275. 9504 பிக்சல் 317. "4:3 வடிவம்தான் கேட்லாக்குக்கு வேண்டும்" என்றாலும், 61 மெகாபிக்சலை 4:3க்கு வெட்டினால் 8448×6336 மிஞ்சும். அப்போதும் 50ஐவிட அதிகம். ஆக 50 மெகாபிக்சல் 44×33இல் நீங்கள் காசு கொடுப்பது முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூடுதல் ஒளிக்கும், நல்ல ஜிஎஃப் லென்ஸ்களுக்கும். ஐஎஸ்ஓ 100இல் ஸ்ட்ரோப் வைத்து எடுக்கும் ஸ்டூடியோவில் முக்கால் ஸ்டாப்பை யார் தேடப்போகிறார்கள்? பிக்சலுக்காக என்றால் 100 வாங்குங்கள், இல்லையென்றால் ஃபுல் ஃப்ரேமே போதும்.

நகைக்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாக்குவது) பற்றியும் ஒரு வார்த்தை. 1:1இல் லென்ஸில் எஃப் 5.6 வைத்தால் சென்சாருக்கு அது எஃப் 11 போலத்தான். ஒரு படத்தில் தெளிவாக விழும் ஆழம் 0.3 மி.மீ அளவு. படங்கள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்றால், 20 மி.மீ ஆழமுள்ள ஜிமிக்கிக்கு 90 படத்துக்குக் குறையாது. படத்தின் எண்ணிக்கையைக் குறைக்க எஃப் 16க்குப் போனால் மொத்தமும் மழுங்கிவிடும். அட்டிகை போலத் தட்டையானதற்கு இத்தனை பாடு இல்லை.

தறி:

பொடிமணி நகையை மட்டும் வைத்து மொத்த வழக்கையும் தள்ளுபடி செய்துவிட்டார். புடவையில் விஷயம் வேறு: மோரே, அதாவது துணியின் நெசவு சென்சாரின் பிக்சல்களோடு மோதி வரும் பொய்க் கோடு. இந்த கேமராக்கள் எதிலும் அதைத் தடுக்க மங்கலாக்கும் வடிகட்டி கிடையாது. 50 மெகாபிக்சலில் பிக்சல் இடைவெளி 5.3 மைக்ரான், 100இல் 3.76, 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமிலும் அதே 3.76. ஊடும் பாவும் அந்த இடைவெளியோடு மோதும் தூரத்தில் கேமரா நின்றால் வானவில் கோடு வந்துவிடும். 50ஆர், 50எஸ் 2இல் இது அதிகம். வாங்கும் முன் இதைத்தான் சோதிக்க வேண்டும், பெரும்பாலோர் முகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள்.

கைக்கணக்கு: பிக்சல் இடைவெளியை மூன்றால் பெருக்கினால் வரும் எஃப் எண்ணில் டிஃப்ராக்ஷனே (சின்னத் துளையில் ஒளி சிதறிப் படம் மழுங்குவது) மோரேயை அமுக்கிவிடும். 5.3க்கு எஃப் 16, 3.76க்கு எஃப் 11. படம் கொஞ்சம் மென்மையாகும், கேமரா ஃபைலைத் திறக்கும் கன்வர்ட்டரில் ஷார்ப்பனிங்கைக் கூட்டி மீட்டுவிடலாம். மோரேயை மட்டும் அப்படி மீட்க முடியாது, நிறத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். எஃப் 16 வேண்டாம் என்றால் கேமராவை அரை அடி முன்னே பின்னே நகர்த்துங்கள், நெசவின் அடர்த்தி சென்சாரில் மாறிவிடும். திரையில் சிறிதாக்கிப் பார்த்தால் இல்லாத மோரே இருப்பது போலத் தெரியும், 100 சதவீதத்தில் வைத்தே தீர்ப்பு சொல்லுங்கள்.

பழைய நெகட்டிவ்:

செகண்ட் ஹேண்ட் பக்கம் போனால் பார்க்க வேண்டியவை. 50ஆர், 50எஸ் இரண்டிலும் உள் ஸ்டெபிலைசேஷன் இல்லை; கையில் பிடித்தால் ஃபோக்கல் நீளத்தின் இரு மடங்கு வேகம் வேண்டும். அவற்றின் பேட்டரி என்பி-டி125, புதிய மாடல்களுக்குப் பொருந்தாது, அதனால் இரண்டு பேட்டரி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். 50 வரிசை முழுவதும் கான்ட்ராஸ்ட் ஃபோகஸ் (முன்னும் பின்னும் தேடிப் பிடிக்கும் முறை) மட்டுமே, பொம்மைக்கும் மேசைக்கும் சரி, நடக்கும் மாடலுக்குத் தடுமாறும். எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரைப் படித்து முடிக்க ஏறக்குறைய கால் நொடி எடுக்கும். எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக விழும். ஃப்ளாஷ் சிங்க் (ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125.

மூடி போட்டு ஐஎஸ்ஓ 800இல் 30 நொடி ஒரு படம், ஹாட் பிக்சலுக்கு. வெள்ளைச் சுவரை எஃப் 16இல் ஒரு படம், தூசுக்கு. இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் எழுதிப் பாருங்கள். டெதர் கேபிள் (கேமராவைக் கணினியோடு இணைப்பது) போட்டு அரை மணி நேரம் விடாமல் எடுங்கள்; யுஎஸ்பி துளை தளர்ந்திருந்தால் அதற்குள் துண்டித்துவிடும், ஸ்டூடியோ கேமராக்கள் முதலில் சாவது அங்கேதான். 50எஸ் 2இல் ஆன் செய்ததும் மெல்லிய ஹம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது ஸ்டெபிலைசர்.

கேப்சர் ஒன் மென்பொருள் பழகியவர் என்றால் ஹாசல்பிளாட் வாங்கும் முன் யோசியுங்கள், அதன் ஃபைலை கேப்சர் ஒன் நீண்ட காலம் திறந்ததில்லை, இப்போது திறக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபோக்கஸ் (Phocus) என்ற ஹாசல்பிளாடின் இலவச மென்பொருள் அல்லது லைட்ரூம்தான்.

ஜிஎஸ்டி பதிவு உண்டா? இருந்தால் கணக்கு மாறும். கேமராவுக்கு 18 சதவீதம். 3,54,000க்கு பில்லோடு புதிது வாங்கினால் 54,000 உள்ளீட்டு வரியாகத் திரும்பும். தனியாளிடம் 3,00,000க்குப் பழையது வாங்கினால் ஒரு ரூபாயும் திரும்பாது. இரண்டும் ஒரே செலவு, ஒன்றில் வாரண்டி இருக்கிறது.

நெசவு ஸ்டூடியோ:

நன்றி. பதிவு உண்டு, அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. 50ஐ விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. 100எஸ் 2 அல்லது 61 மெகாபிக்சல். ஒரு சந்தேகம்: கேனன் இஎஃப் 100 மி.மீ எல் மக்ரோ கையில் இருக்கிறது. அதை அடாப்டரில் ஜிஎஃப்எக்ஸில் போட்டால் ஜிஎஃப் 120 செலவு மிச்சமாகுமா?

பொடிமணி:

மிச்சமாகும், நான் மேலே சொன்ன கணக்கில் பாதியும் அடிபடும். அது 1:1 போகும் லென்ஸ், அதனால் ஜிமிக்கிக்கு 100எஸ் 2இல் 5,300 பிக்சல் கிடைத்துவிடும்; பிக்சல் இடைவெளி அதே 3.76 அல்லவா. மின்தொடர்பு உள்ள அடாப்டராக வாங்குங்கள். வெறும் வளையம் வாங்கினால் அபெர்ச்சரை மாற்ற முடியாது, எஃப் 2.8இலேயே திறந்து கிடக்கும். மூலைகள் சற்று இருட்டும், நகை நடுவில்தான் இருக்கும் என்பதால் பாதகமில்லை. ஓவியம் நகலெடுக்க மட்டும் இதை நம்ப வேண்டாம், அங்கே நான்கு மூலையும் ஒரே ஒளியில் வர வேண்டும். 35 மி.மீ மோடுக்கு (சென்சாரின் நடுவில் ஃபுல் ஃப்ரேம் அளவை மட்டும் எடுப்பது) மாற்றினால் இருட்டு போய்விடும், ஆனால் 100இல் 60 மெகாபிக்சல்தான் மிஞ்சும். அதற்கு அந்த 61 மெகாபிக்சல் பாடியையே வாங்கியிருக்கலாம்.