க்ளாஸ் இல்லாத கேரக்டர்: எதில் தொடங்கலாம், எங்கே சொதப்பும்?

பாலக்கோட்டான்

வணக்கம். நாங்க மூணு பேர்: பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர். ராத்திரி ஒன்பதுக்கு மேல ரெண்டு மணி நேரம் ஆடுவோம். இப்ப ஆடற கேம்ல ஆரம்பத்துலயே வாரியரா, மேஜா, ப்ரீஸ்ட்டானு கேட்டு ஒரு க்ளாஸ் (மாத்த முடியாத வேலைப் பிரிவு) முத்திரை குத்திடறாங்க. ஹீலர் (அடிபட்டவங்களுக்கு உயிர் ஏத்தற ஆள்) வரலைன்னா மத்த ரெண்டு பேரும் கையைக் கட்டிட்டு உட்காரணும். க்ளாஸே இல்லாத கேம் வேணும். போன்லயும் பழைய லேப்டாப்லயும் ஓடணும், காசு கட்டாம ஆரம்பிக்கணும். எல்லா ஸ்கில்லையும் சமமா ஏத்திட்டா யார் வேலையையும் யாரும் பார்க்கலாம்தானே?

தென்பெண்ணை

முதல்ல ஒண்ணு. க்ளாஸ் இல்லைன்னா கட்டுப்பாடே இல்லைன்னு அர்த்தம் இல்ல தம்பி, கட்டுப்பாடு வேற இடத்துக்குப் போயிருக்கும். சிலதுல கியர்ல (ஆயுதம், கவசம்) இருக்கும், சிலதுல மொத்தப் பாயின்ட்ல, சிலதுல நேரத்துல. அது எங்க இருக்குன்னு பார்த்துட்டு கேமை எடுங்க.

நீங்க கேட்டதுக்கு நேரா பொருந்தறது ஆல்பியான் ஆன்லைன். 2017ல வந்தது, 2021ல இருந்து போன்லயும் இருக்கு, போனும் லேப்டாப்பும் ஒரே சர்வர்ல சேர்ந்து ஆடலாம். அதுல நீங்க போட்டிருக்கற கியர்தான் நீங்க. ஆயுதம் மூணு ஸ்கில் தரும். சட்டை, தலைக்கவசம், ஷூ ஒவ்வொண்ணும் ஒரு ஸ்கில் தரும். ஹோலி ஸ்டாஃப் எடுத்தா ஹீலர், ஊர் பேங்க்ல வெச்சுட்டு மேஸ் (கதாயுதம்) எடுத்தா டேங்க் (முன்னாடி நின்னு அடி தாங்கற ஆள்).

ஆனா ஒவ்வொரு ஆயுதமும் தனித்தனியாத்தான் ஏறும். ஃபயர் ஸ்டாஃப்ல எவ்வளவு ஃபேம் (அனுபவப் புள்ளி) சேர்த்தாலும் வாள் ஏறாது. மூணு பேரும் எல்லாத்தையும் ஏத்தப் போனா ஆறு மாசம் கழிச்சும் மூணு பேரும் அரைகுறைதான். இப்படிப் பிரிச்சுக்கோங்க: முதல் ஆள் டேங்க், கூடவே ஹீலர் செட். ரெண்டாவது ஆள் ஹீலர், கூடவே அடிக்கற செட். மூணாவது ஆள் அடிக்கறது மட்டும்.

முதல் ஆள் வரலைன்னா யாரும் எதையும் மாத்த வேண்டாம். ரெண்டாவது ஆள் வரலைன்னா முதல் ஆள் ஹீலர் ஆகட்டும். மூணாவது ஆள் வரலைன்னா முதல் ஆள் ஹீலர், ரெண்டாவது ஆள் அடிக்கட்டும். எந்த ராத்திரியும் ஒரு ஹீலரும் ஒரு அடிக்கற ஆளும் இருப்பீங்க. மொத்தம் அஞ்சு செட்தான், ஒன்பது இல்ல.

செலவைக் குறைக்க இன்னொண்ணு. 4.0 கியரோட (புள்ளிக்கு முன்னாடி டியர், அதாவது தரப்படி; பின்னாடி மெருகுப் படி) அடிப்படை ஐட்டம் பவர் (வலு எண்) 700, 5.0க்கு 800. 4.1க்கும் அதே 800தான், ஆனா அதைப் போட 4ஆம் டியர் திறந்திருந்தாப் போதும். அதனால ரெண்டாவது செட்டை 5 வரைக்கும் ஏத்த வேண்டியதில்ல, மார்க்கெட்ல 4.1 வாங்கிட்டா வேலை நடக்கும். விலையை மட்டும் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, சில நாள் 4.1 ஏறிக் கிடக்கும்.

மேப்ல நீல, மஞ்சள் ஏரியாவுல தோத்து விழுந்தா கியர் உங்ககிட்டயே இருக்கும். சிவப்பு, கறுப்புல போட்டிருக்கறது, பையில இருக்கறது எல்லாம் போயிடும். அங்க போறப்போ அதே செட்டை இன்னும் மூணு தடவை வாங்கற அளவுக்குச் சில்வர் (கேம் காசு) இருக்கணும். ஒரே செட்டை வெச்சுக்கிட்டு கறுப்பு ஏரியாவுக்குப் போறவங்கதான் மறுநாள் கேமையே டெலீட் பண்றாங்க.

கல்_சிலம்பு

தென்பெண்ணை அண்ணன் சொன்னது சரி, ஆனா இவங்க மூணு பேருக்கு ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் இன்னும் பொருத்தம்னு நினைக்கிறேன். அங்க சாதாரண சண்டையில ஹீலர்னு ஒரு வேலையே கிடையாது. அவனவன் சோத்து மூட்டையை அவனவன் கட்டிட்டுப் போகணும். பையில 28 இடம், ஒரு லாப்ஸ்டர் (சிங்கி இறால்) 12 ஹிட்பாயின்ட் (உயிர்) திருப்பித் தரும், எத்தனை எடுத்துட்டுப் போறதுங்கறதுதான் கணக்கு. யார் வரலைன்னாலும் மத்தவங்க போகலாம். எந்த லேப்டாப்லயும் ஓடும், போன்லயும் அதே கேரக்டர்தான். இலவசத்துல 15 ஸ்கில் கிடைக்கும்.

சமமா ஏத்தலாமான்னு கேட்டீங்க. 40ஆம் லெவல் வரைக்கும் தாராளமா ஏத்துங்க. ஒரு ஸ்கில் 40க்குப் போக 37,224 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). மூணு ஸ்கில்லை 40க்குக் கொண்டு போனா சேர்த்து 1,11,672. ஒரே ஸ்கில்லை 50க்குக் கொண்டு போகவே 1,01,333 ஆகும். அதாவது அடியில பரப்பறது மலிவு. 40ல ரூன் சிமிட்டர் (வளைஞ்ச வாள்) கையில வரும், ரூன் செயின்பாடி (சங்கிலிக் கவசம்) போடலாம் (ப்ளேட்பாடி வேணும்னா ட்ராகன் ஸ்லேயர் குவெஸ்ட்டை முடிக்கணும்). மீன்பிடிக்கறதும் சமையலும் 40 ஆனா லாப்ஸ்டர் நீங்களே பிடிச்சுச் சுடலாம், 74 வரைக்கும் கொஞ்சம் கருகும், பரவாயில்ல.

அதுக்கு மேல பரப்பினா கால் ஊன இடம் இருக்காது. 60க்கு 2,73,742. 70க்கு 7,37,627. 99க்கு 1,30,34,431, அதுல பாதி 92லதான் வருது. 40 தாண்டினதும் ஆளுக்கு ஒரு வழியை எடுங்க: ஒருத்தர் கத்தி, ஒருத்தர் வில், ஒருத்தர் மந்திரம். கத்தி வில்லை வெல்லும், வில் மந்திரத்தை வெல்லும், மந்திரம் கத்தியை வெல்லும். மூணும் ஒரே பார்ட்டில இருந்தா நல்லது.

புதுசா வர்றவங்க தவறாம பண்ற தப்பு: சிமிட்டரோட சண்டை முறைகள்ல மூணாவது பொத்தான். அது அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபன்ஸ் மூணுக்கும் எக்ஸ்பியைப் பிரிக்கும். யாராவது ஒருத்தர் பின்னாடி டிஃபன்ஸ் 1 வெச்ச 'ப்யூர்' ஆகணும்னு ஆசைப்பட்டா முதல் நாள்லயே அதைத் தொடக் கூடாது. மந்திரத்துல டிஃபன்ஸிவ் காஸ்டிங்கும் வில்லுல லாங்ரேஞ்சும் அதே மாதிரி டிஃபன்ஸை ஏத்தும். ட்ராகன் ஸ்லேயர் முடிச்சாலும் 18,650 டிஃபன்ஸ் எக்ஸ்பி தானா ஏறிடும், வேணாம்னு சொல்ல முடியாது.

ப்யூர் எதுக்குன்னா, அட்டாக் 40, ஸ்ட்ரெங்த் 60, ஹிட்பாயின்ட் 50, ப்ரேயர் 1 வெச்சுப் பாருங்க. டிஃபன்ஸ் 1னா காம்பாட் லெவல் (மொத்தச் சண்டை மட்டம், உங்களோட யார் மோதலாம்னு இதை வெச்சுத்தான்) 45, டிஃபன்ஸ் 40னா 55. அடி அதே அடி, எதிராளி மட்டும் பத்து லெவல் இறங்கி வருவான். மத்த ஆளுங்களோட சண்டை போடறதில்லைன்னா இது எதுவும் தேவையே இல்ல.

ஊத்தங்கரை_ஓரம்

மேலே சொன்ன 'மொத்தப் பாயின்ட்' வகைக்கு அல்டிமா ஆன்லைன் தான் மூத்தது, 1997. ஒரு ஸ்கில்லுக்கு 100, எல்லாம் சேர்த்து 700 (பிறகு கொஞ்சம் ஏற்ற வழி உண்டு). அதனால் ஏழு ஸ்கில் முழுதாக வரும். வாள், டாக்டிக்ஸ், அனாடமி, ஹீலிங், பாரியிங், ரெசிஸ்ட், மேஜரி என்று எடுத்தால் அடிக்கவும் தெரியும், தானே கட்டுப் போட்டுக்கொள்ளவும் தெரியும். 700 நிறைந்த பிறகு ஸ்கில் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள் ஸ்கில் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு ஸ்கில்லைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால்தான் இன்னொன்று ஏற இடம் கிடைக்கும்.

விண்வெளிக் கப்பல் கேமான ஈவ் ஆன்லைனில் கட்டுப்பாடு நேரம். ஆடாமல் தூங்கினாலும் ஸ்கில் ஏறும். எளிய ஸ்கில்லில் 4ஆம் லெவலுக்கு 45,255 பாயின்ட், 5க்கு 2,56,000. கடைசிப் படி ஒன்றுக்காக மற்ற நாலுக்கும் ஆன நேரத்தைப் போல நாலு மடங்குக்கு மேல். எல்லாவற்றையும் 4இல் நிறுத்திவிட்டு, தினமும் ஓட்டும் கப்பலுக்குத் தேவையானதை மட்டும் 5க்கு அனுப்புங்கள். பழைய லேப்டாப்புக்கு இது கனம், அதனால் உங்களுக்குச் சொல்லவில்லை.

பாலக்கோட்டான்

நன்றிண்ணா எல்லாருக்கும். ஆல்பியான், ரூன்ஸ்கேப் ரெண்டுல பிங் (சர்வருக்குப் போய் வர ஆகற தாமதம்) எதுல பரவாயில்ல? எங்க பக்கம் காத்து மழைன்னா கரண்ட்டும் போகும்.

தென்பெண்ணை

ஆல்பியான்ல ஆசியா சர்வரை எடுங்க, அது சிங்கப்பூர்ல இருக்கு. சென்னையில இருந்து கடலடி கேபிள் அங்க போகுது, அதனால அமெரிக்கா, ஐரோப்பா சர்வரை விட நல்லாவே வரும். மூணு பேரும் முதல் நாளே ஒரே சர்வரா பாருங்க, ஒரு சர்வர்ல உருவாக்கின கேரக்டர் இன்னொண்ணுக்கு வராது.

கல்_சிலம்பு

ரூன்ஸ்கேப் 0.6 செகண்டுக்கு ஒரு தடவைதான் கணக்குப் போடும். பிங் 200 மில்லிசெகண்டு இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பிங் எத்தனைங்கறதை விட அது நிலையா இருக்கறதுதான் முக்கியம். வேற ஏதாவது டவுன்லோடு ஓடுதான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

கரண்ட்டுக்கு ரவுட்டர் மினி யூபிஎஸ் போதும். ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கறதைப் பாருங்க: வோல்ட் அச்சு அசல் அதே இருக்கணும், பெரும்பாலும் 12. ஆம்ப் அதே அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் வைஃபை பெட்டியும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் கரண்ட் வேணும், ஒண்ணுக்கு மட்டும் கொடுத்துட்டு நெட் வரலையேன்னு தேடாதீங்க. லைன் போனாலும் சண்டை நடுவுல இருக்கற கேரக்டர் உடனே மறையாது, அங்கேயே நின்னு அடி வாங்கும். இடி இடிக்கற ராத்திரில மீன் பிடிங்க.