எந்தத் தங்கக் காசை கிரேடிங்குக்கு அனுப்பினீர்கள், எதை அனுப்பவில்லை?

என்னிடம் இருக்கும் தங்கக் காசுகளில் முக்கால்வாசி, அசல்தானா என்று பார்த்து, தரத்துக்கு 70 வரை எண் போட்டு, உறையில் அடைத்துத் தரும் எந்த கிரேடிங் நிறுவனத்துக்கும் போனதில்லை, இனியும் போகப்போவதில்லை. மட்டமான காசுகள் என்பதால் அல்ல. 1912-ஆம் ஆண்டு சாவரின் (பிரிட்டிஷ் தங்கப் பவுன்) ஒன்றுக்கு 62 போட்டாலும் 63 போட்டாலும் அதை நான் வைத்துக்கொள்ளும் விதம் மாறாது. விற்கப் போனாலும் தங்கத்தின் எடைக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. என்ன பதில் வந்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்றால் அந்தக் கேள்விக்குக் கட்டணம் கட்டுவானேன்?

பதிலைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும் காசுகளும் உண்டு. ஏலத்தில் கலவையாக வாங்கிய சாவரின்களில் 1918 என்று ஆண்டு போட்டவை இரண்டு இருந்தன. எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் நாணயச்சாலைக் குறி எங்கே இருக்கும் என்பது சாவரின் சேர்ப்பவர்களுக்குத் தெரியும். பின்பக்கத்தில் டிராகனோடு சண்டையிடும் புனித ஜார்ஜின் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்குச் சற்று மேலே, தரைக்கோட்டில். சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி, ஒட்டாவாவுக்கு சி, பிரிட்டோரியாவுக்கு எஸ்ஏ. பம்பாய்க்கு ஐ, அதுவும் 1918 என்ற ஒரே ஆண்டில் மட்டும். லண்டனுக்குக் குறி கிடையாது.

என் இரண்டில் ஒன்றில் ஐ இருந்தது, மற்றதில் எதுவுமே இல்லை. குறி தேய்ந்துபோயிருக்கும் என்றார் விற்றவர். டிராகனின் இறக்கை மடிப்பு வரை கூர்மையாக நிற்கிறது, குறி மட்டும் தேய்ந்துவிடுமா? 1918-இல் லண்டனில் சாவரின் அடிக்கவே இல்லை. 1917-க்குப் பிறகு அங்கே அடுத்து அடித்தது 1925-இல்தான். ஆகவே குறியில்லாத அசல் 1918 சாவரின் என்று ஒன்று இருக்கவே முடியாது.

வேடிக்கை என்னவென்றால் அதன் எடை 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டரும் கொஞ்சமும், தங்கமும் 22 காரட். எல்லாம் சரி. 1950, 60களில் லெபனானிலும் இத்தாலியிலும் இப்படி நல்ல தங்கத்திலேயே போலி சாவரின்கள் அடித்திருக்கிறார்கள். அப்போது வெறும் தங்கத்துக்குக் கிடைத்ததைவிடக் காசாக விற்றால் கூடுதலாகக் கிடைத்தது, அந்த வித்தியாசம்தான் அவர்கள் லாபம். தராசையும் உரைகல்லையும் மட்டும் நம்புகிறவர்கள் இதில் ஒன்றையும் பிடிக்க முடியாது.

குறியில்லாததை அனுப்பவில்லை, அதில் கேட்க எதுவும் மிச்சமில்லை. ஐ குறி உள்ளதை அனுப்பினேன், எண்ணுக்காக அல்ல, அசல்தானா என்று தெரிந்துகொள்ள. ஏயூ 58 (கிட்டத்தட்டப் புழங்காதது) என்று உறையில் அடைத்து வந்தது. அந்த 58 வேறு எண்ணாக இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் எதை அனுப்பினீர்கள், எதை அனுப்பாமல் விட்டீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள்.

*

நான் பார்த்த விஷயம் வேறு மாதிரி. காசுக் கண்காட்சிகளில் அடுத்தவர் காசைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. தங்கத்தில் நான் அதிகம் பார்ப்பது போலிகளை அல்ல, நகையாக இருந்துவிட்டு மறுபடி காசாக வேஷம் போடுகிறவற்றை.

ஒருவர் 1904-ஆம் ஆண்டு அமெரிக்க இருபது டாலர் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பார்த்தவுடன் கண்ணைப் பறித்தது, அதுதான் எனக்கு இடித்தது. அத்தனை வயதான காசு அப்படிச் சீராக, கண்ணாடி மாதிரி மின்னக் கூடாது. விளக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு காசை மெதுவாகச் சாய்த்தால், அச்சில் வந்த பளபளப்பு சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுழன்று ஓடும். மெருகேற்றிய காசில் அந்த ஓட்டம் இருக்காது. வெளிச்சம் ஒரே இடத்தில் பளிச்சிட்டு நின்றுவிடும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் போகும் மயிரிழைக் கீறல்கள்.

அப்புறம் விளிம்பு. பன்னிரண்டு மணி நிலையில் வரிப்பள்ளங்கள் இரண்டு மூன்று மழுங்கி, அங்கே மட்டும் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்து, அரம் போட்டுச் சரிசெய்த தடம். வளையம் எப்போதும் பன்னிரண்டு மணியில்தான் இருக்கும் என்றில்லை. சட்டகத்தில் பதித்திருந்தால் மூன்று, ஆறு, ஒன்பது மணிகளிலும் நகம் பிடித்த தடம் இருக்கும், விளிம்பைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். உரைகல்லில் உரைத்த காசு என்றால் விளிம்பில் ஓரிடம் தட்டையாக இருக்கும்.

அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, அனுப்பினார். அசல் என்று சொல்லி, எண் போடாமல், 'டீட்டெயில்ஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நகையில் இருந்தது, சுத்தம் செய்தது, மெருகேற்றியது என்றால் எந்தப் பெரிய நிறுவனமும் இப்படித்தான் செய்யும். 1904 இருபது டாலர் காசு பல லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதில் எண் இல்லாத உறையை வாங்குகிறவர் தங்கத்தின் எடைக்குத்தான் விலை பேசுவார். உறையில்லாமலே விற்றிருக்கலாம்.

இதே குறை அரிய காசில் இருந்தால் பேச்சே வேறு. அங்கே 'டீட்டெயில்ஸ்' என்றாலும் அசல் என்ற ஒரு வார்த்தைக்கே கட்டணம் தகும்.

*

58 என்றதும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கிரேடிங் எண்களுக்கான ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை. 60-இல் தொடங்கி மேலே போனால் புழக்கத்தில் படாதது. 58 என்றால் உயர்ந்த இடங்களில் லேசான உராய்வு, அவ்வளவுதான். ஆனால் 61, 62 வாங்கிய இருபது டாலர் காசுகளைப் பாருங்கள். பெரிய கனமான காசு, மூட்டைக்குள் ஒன்றோடொன்று மோதி முகமெல்லாம் வடு. புழக்கத்தில் படாவிட்டாலும் அடிபட்டிருக்கிறது. நல்ல 58 பல நேரம் அதைவிட அழகாக இருக்கும், விலையும் அநேகமாகக் குறைவு. நான் 58-களைத் தேடித்தேடி வாங்குகிறேன். 62-ஐ 58-க்கு மாற்றிக்கொள்வேன், சந்தோஷமாக.

அனுப்புவது பற்றி: 1908 முதல் 1929 வரை வந்த அமெரிக்க இந்தியத் தலை இரண்டரை, ஐந்து டாலர் காசுகள் எனக்குப் பெரிய தலைவலி. மற்ற காசுகளில் உருவம் மேடாக இருக்கும், தேய்மானம் முதலில் அதில் படும். இவற்றில் உருவம் பள்ளத்துக்குள் இருக்கிறது, வெற்றுப் பரப்புதான் மேடு. உராய்வு பரப்பில் விழுகிறது, அது தேய்மானமா வெறும் மூட்டை உரசலா என்று வெறும் கண்ணால் பிரிக்க எனக்கு வரவில்லை. நானும் என் நண்பரும் ஒரே காசைப் பார்த்து ஒருவர் 55 என்போம், ஒருவர் 63 என்போம். ஆகவே இந்த வரிசையில் விலை கூடிய ஆண்டுகளை மட்டும் அனுப்புகிறேன். 1911 இரண்டரை டாலரில் டென்வர் நாணயச்சாலையின் டி குறி உள்ளது அரிதானது. சாதாரண 1911 காசில் டி எழுத்தைப் பொருத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை உறையில்லாமல் வாங்கவே மாட்டேன், யார் தந்தாலும்.

*

போலி என்று நாமே முடிவு செய்துவிட்டு ஒதுக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. 1854-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த ஐந்து டாலர் காசுகள் மொத்தம் 268 மட்டுமே. ஒருவரிடம் இருந்த ஒன்றைக் காட்டிய இடத்திலெல்லாம் போலி என்றார்கள். 2018-இல் என்ஜிசி என்ற கிரேடிங் நிறுவனம் அதை அசல் என்று உறுதி செய்தது. அப்போது அறியப்பட்ட நான்காவது காசு அது. இத்தனை அரிய காசு இப்படிச் சாதாரணமாக வந்து நிற்காது என்று எல்லோரும் நினைத்ததுதான் காரணம். நம் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கும் என்று கனவு காணச் சொல்லவில்லை. எடையும் அச்சும் சரியாக இருந்து, வாய்வார்த்தை மட்டும் எதிராக இருந்தால் ஒரு முறை அனுப்பிப் பார்க்கலாம்.

*

கேள்வி கேட்டவருடன் ஒத்துப்போக முடியவில்லை. நான் சாதாரண ஆண்டுகளையும் சிலவற்றை அனுப்புகிறேன். எனக்கு எண் தேவையில்லை என்பது சரிதான், ஆனால் எனக்குப் பிறகு இதைத் திறக்கப்போகிறவர்களுக்குக் காசைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தராசில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சரி என்றுவிடுவார்கள். உறையில் பெயரும் ஆண்டும் எண்ணும் இருந்தால் குறைந்தபட்சம் விசாரிக்கத் தோன்றும்.

புதிய முதலீட்டுக் காசுகளை மட்டும் அனுப்புவதில்லை. க்ரூகராண்டோ மேப்பிள் லீஃபோ, நாணயச்சாலையிலிருந்து நேராக வருவதே பெரும்பாலும் 69 வாங்கும். 70 வாங்கினால்தான் கூடுதல் விலை. மேலும் மேலும் பேர் அனுப்ப அனுப்ப 70-களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும், அதை நிறுவனங்களே பட்டியலாக வெளியிடுகின்றன. 1915 என்று ஆண்டு போட்ட ஆஸ்திரிய டக்கட், கொரோனா காசுகளையும் விட்டுவிடுங்கள். அந்த ஆண்டையே போட்டுப் பிற்காலத்திலும் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

*

கேள்வி கேட்டது நான்தான். வாரிசுகள் பற்றிச் சொன்னது நியாயம், நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் அதற்கு உறைதான் வேண்டுமா? ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தால் போதாதா: என்ன காசு, ஏன் வாங்கினேன், யாரிடம் காட்ட வேண்டும் என்று. உறையிலும் போலி வருகிறது, பெயர்பெற்ற நிறுவனங்களின் உறையையே நகல் எடுக்கிறார்கள். உறையில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படத்தோடு கையில் உள்ள காசின் வடுக்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. எண் மட்டும் பொருந்தினால் போதாது, அசல் எண்ணையே போலி உறையில் அச்சடிப்பார்கள்.

*

பழங்காலக் காசு சேர்க்கிறவன் என்பதால் ஒரு சின்ன சேர்க்கை. ரோமானிய ஆரியஸ், பைசாந்திய சாலிடஸ் போன்றவற்றுக்கு 70 புள்ளிக் கணக்கு கிடையாது. என்ஜிசியின் பழங்காலப் பிரிவு தரத்தைச் சொல்லால் எழுதி, அச்சுக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியாக ஐந்துக்கு மதிப்பெண் தருகிறது. அசல் என்பதற்கு மற்ற காசுகளுக்குத் தருவதுபோன்ற உத்தரவாதத்தை இவற்றுக்குத் தருவதில்லை, கருத்துதான். அதனால் நான் உறையைவிட, காசு முன்பு எந்த ஏலப் பட்டியலில் படத்தோடு வந்திருக்கிறது என்பதையே முதலில் தேடுவேன்.

*

புதியவன், ஒரு சந்தேகம். என்னிடம் குறியில்லாத சாவரின் ஒன்று இருக்கிறது, ஆண்டு 1917. லண்டனில் அந்த ஆண்டு அடித்தார்கள் என்று மேலே படித்தேன், அப்படியானால் அசல்தானே? எடை சரியாக இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் உறையில் கிடந்ததால் லேசாகப் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, துடைத்துவிட்டு அனுப்பலாமா?

*

துடைக்காதீர்கள், துணியும் விரலும் வேண்டாம். அது பிவிசி உறை விட்ட பசை. அதை எடுக்கும் வேலையை நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவிடமே விடலாம், விண்ணப்பத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1917-இல் லண்டனில் அடித்தது உண்மை, ஆனால் இன்று அது மிக அரிது. அதனாலேயே போலி செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த ஆண்டும் அதுதான். எடை சரியாக இருப்பது எதையும் சொல்லாது. தரைக்கோட்டில், குறி இருக்க வேண்டிய இடத்தில் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சாதாரண ஆஸ்திரேலியக் காசின் குறியை நீக்கிவிட்டு லண்டன் என்று விற்பதும் உண்டு. தடம் தெரிந்தால் அனுப்பி வீணாக்க வேண்டாம். தெரியாவிட்டால், நான் அனுப்பச் சொல்லும் காசு இதுதான். அறிவிக்கும் மதிப்புக்கு ஏற்பக் கட்டணமும் ஏறும், அனுப்பும்போது காப்பீடும் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.