அணு மருத்துவ இயற்பியல் பயிற்சி இடம்: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகள் மருத்துவ இயற்பியலில் ஹானர்ஸ் முடித்துவிட்டாள். கதிரியக்க மருந்து கொடுத்துப் படமெடுக்கிற, சிகிச்சை செய்கிற அணு மருத்துவப் பிரிவில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆனால் இங்கே மருத்துவ இயற்பியலாளராகப் பதிவு செய்ய, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் 2 வருட இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை.

ஒரு மருத்துவமனையில், "ஆள் தேவைதான், பதவிக்குப் பணம் ஒதுக்கவில்லை" என்றார்கள். பெலிண்டாபாவில் சஃபாரி-1 அணு உலையை வைத்து, ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்துக்கு மூலப்பொருளான மாலிப்டினம்-99 தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிற நாடு இது. ஆள் பழக்க மட்டும் இடமில்லையாம்!

சொந்தக்காரர்களோ, "டாக்டர் இல்லையா? அப்புறம் ஆஸ்பத்திரியில் என்ன வேலை?" என்கிறார்கள். மருந்தின் கதிரியக்கத்தை அளக்கிற டோஸ் காலிபிரேட்டர் சரியாகக் காட்டுகிறதா, உடம்புக்குள் போன அந்த மருந்தைப் படமெடுக்கிற காமா கேமராவில் படம் சீராக விழுகிறதா என்று பார்ப்பது, புற்றுநோய்க்குக் கொடுக்கிற லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சையில் சிறுநீரகத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு போகிறது என்று கணக்கிடுவது எல்லாம் மருத்துவ இயற்பியலாளர்கள் தலையில்தான்.

பிரிட்டோரியா, புளூம்ஃபொன்டெய்ன், கேப் டவுன் பக்கம் இந்தத் துறையில் யாராவது இருக்கிறீர்களா? இடங்கள் எந்த மாதம் விளம்பரமாகின்றன? சம்பளமில்லாமல் சேர விடுவார்களா? இன்னொன்று: இந்தியாவில் எம்.எஸ்சி. அணு மருத்துவம் படித்து, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தகுதியும் எடுத்துத் திரும்பினால் இங்கே ஏற்பார்களா, இல்லை மறுபடி 2 வருடமா?

அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது. "கேள்விப்பட்டேன்" பதில்கள் வீட்டிலேயே நிறைய இருக்கின்றன. இன்பாக்ஸிலும் எழுதலாம்.