15 வயசு தாண்டிய மரப்படகுக்கு இன்சூரன்ஸ்: பிரீமியம் எகிறிடுச்சு, ஒரு கம்பெனி எடுக்கவே மாட்டேங்குது

அக்கரைப்பேட்டை_58 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 58 அடி விசைப்படகு, 2009-ல கட்டினது. மரம், வெளியே பைபர் கோட்டிங். காப்பீட்டுத் தொகை 25 லட்சம்.

போன வருஷம் ரேட் 1.3 சதவீதம், ஜிஎஸ்டியோட 38,350 ஆச்சு. இந்த வருஷம் அதே கம்பெனி 2.1 கேக்குது. 52,500, வரி 9,450, ஆக 61,950. போதாததுக்கு எக்ஸஸை (கிளைம் வந்தா நாமளே ஏத்துக்க வேண்டிய தொகை) 25,000-ல இருந்து ஒரு லட்சமா ஏத்திட்டாங்க. இன்னொரு கம்பெனியில 15 வயசு தாண்டின மரப்படகுன்னா பேச்சே இல்லைன்னுட்டாங்க. இதுவரைக்கும் ஒரு கிளைம்கூட போட்டதில்ல.

டோட்டல் லாஸ் (படகு முழுசாப் போனா மட்டும் பணம் தர்ற பாலிசி) மட்டும் எடுத்தா பாதி காசு மிச்சம்னு ஏஜென்ட் சொல்றார், எடுக்கலாமா? புதுசா சர்வே பண்ணச் சொல்றாங்க, அதுக்கு என்ன ரெடி பண்ணணும்? பேங்க் கடன் 6 லட்சம் பாக்கி இருக்கு, அதனால இன்சூரன்ஸ் இல்லாம விடவும் முடியாது.

ஹல்_டெஸ்க்:

நீங்க கிளைம் போடாதது நல்ல விஷயம்தான், ஆனா ரேட்டைத் தீர்மானிக்கறதுல அதுக்குப் பங்கு ரொம்பக் கம்மி. கம்பெனி உங்க படகு எங்க நிக்குது, பக்கத்துல எத்தனை நிக்குதுன்னு பார்க்குது. நம்ம துறைமுகங்கள்ல படகுகளை ஒண்ணோட ஒண்ணு அணைச்சுக் கட்டுறோம். 2023 நவம்பர் 19 ராத்திரி விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துல ஒரு படகுல பிடிச்ச தீ, சுமார் 40 படகுக்குப் பரவிச்சு. 2018-ல கஜா புயல், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்தப்போ என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரே ராத்திரியில ஒரே துறைமுகத்துல இருந்து அத்தனை கிளைமும் வரும்கிறதுதான் கம்பெனியோட பயம்.

இன்னொண்ணு, வண்டி இன்சூரன்ஸ் மாதிரி கடல் மீன்பிடிப் படகுக்கு எல்லாரும் எடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. பேங்க் கேட்டா எடுப்பாங்க, கடன் முடிஞ்சா விட்டுடுவாங்க. பிரீமியம் கட்டுற படகு கொஞ்சம், நஷ்டம் வந்தா மொத்தமா வருது. அதனால மறுகாப்பீட்டுக்காரன் (கம்பெனிக்கே காப்பீடு தர்றவன்) கொஞ்சம் கெடுபிடி பண்ணினாலே இங்க ரேட் ஏறிடும்.

டோட்டல் லாஸ் விஷயம். ரேட் 1.2-க்குக் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். 30,000, வரி 5,400, மொத்தம் 35,400. மிச்சம் பெரிசாத்தான் தெரியும். ஆனா மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. மீட்டு ரிப்பேர் பண்ற செலவு காப்பீட்டுத் தொகையைத் தாண்டினாத்தான் அதை முழு இழப்புக்குச் சமமா எடுத்துக்குவாங்க. படகு கல்லுல ஏறி 18 லட்சம் ரிப்பேர் வருது, காப்பீட்டுத் தொகை 25 லட்சம்னா அது முழு இழப்பு இல்ல. டோட்டல் லாஸ் பாலிசியில உங்களுக்குச் சல்லிக்காசு வராது. 18 லட்சமும் உங்க தலையில. அதே படகு 15 லட்சத்துக்குப் போட்டிருந்தா அந்த 15 கைக்கு வந்திருக்கும். அதுக்காகக் கண்டபடி குறைச்சுப் போடாதீங்க, மதிப்பைச் சர்வேயர்தான் சொல்வார். ஆனா பழைய படகை ஆசைக்கு உயர்த்திப் போடறதால லாபம் ஒண்ணும் இல்லைன்னு புரிஞ்சுக்குங்க.

எடுக்கறதா இருந்தா பாலிசியில மூணு வார்த்தை இருக்கான்னு பாருங்க. முழு இழப்புன்னா 'ஆக்சுவல்' (படகே இல்லாமப் போறது) மட்டுமா, 'கன்ஸ்ட்ரக்டிவ்' (மேல சொன்ன மாதிரி செலவு தொகையைத் தாண்டறது) சேர்த்தா? மீட்புச் செலவு உண்டா? தொகை 'அக்ரீட் வேல்யூ'வா, அதாவது படகோட மதிப்பு இதுதான்னு ரெண்டு பக்கமும் முன்னாடியே ஒத்துக்கிட்டதா? அக்ரீட் வேல்யூ இல்லாத பாலிசியில 40 லட்சம் போற படகை 20 லட்சத்துக்குப் போட்டிருந்தா, சின்ன சேதத்துக்கும் பாதிதான் தருவாங்க.

என் கருத்து: முழு கவரேஜையே வெச்சுக்குங்க, ஒரு லட்சம் எக்ஸஸை ஒத்துக்கிட்டு அதுக்குப் பதிலா ரேட்டைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்க. வழக்கமான ஹல் கிளாஸ்ல (படகு உடலுக்கான பாலிசி விதிகள்) முழு இழப்புக்கு எக்ஸஸ் கழிக்க மாட்டாங்க. புரொப்பல்லர் வளைஞ்சது, பலகை உடைஞ்சதுன்னு வர்ற சின்னதுலதான் கழியும். எக்ஸஸையும் ஏத்தி ரேட்டையும் ஏத்தறது ரெண்டு பக்கமும் அடி, அதை மட்டும் சும்மா ஒத்துக்காதீங்க.

மீன்பிடி தடைக்காலத்துக்கான பிரீமியத்தை யாருமே கேட்டு வாங்கறதில்ல. கிழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள். ஹல் கிளாஸ்ல படகு தொடர்ந்து 30 நாள் சும்மா நின்னா பிரீமியத்துல ஒரு பங்கு திரும்பத் தர்ற வழி இருக்கு. 61 நாள்ல ரெண்டு முப்பது அடங்குது. ஆனா அந்தச் சதவீதத்துக்கான இடம் பாலிசியில பெரும்பாலும் காலியா விடப்பட்டிருக்கும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே நிரப்பச் சொல்லணும். நிக்கிற இடத்தைக் கம்பெனி ஒத்துக்கிட்டிருக்கணும். அந்த நேரத்துல ரிப்பேர் வேலை நடந்தா திரும்ப வர்ற தொகை குறையும், பட்டறையில வெல்டிங் மாதிரி தீ வேலை நடக்குதுல்ல, அதான்.

கலப்பத்து_குளச்சல்:

சர்வே பத்தி நான் சொல்றேன். தண்ணியில மிதக்கற படகைக் காட்டி ரிப்போர்ட் வாங்கினா அதுக்கு மதிப்பு கிடையாது. தடைக்காலத்துல கரையேத்துறப்பவே சர்வேயரை வரச் சொல்லுங்க, பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி. புதுப் பெயின்ட்டைப் பார்த்தாலே சர்வேயருக்குச் சந்தேகம் வரும்.

பைபர் போட்ட மரப்படகுல முதல் சந்தேகமே அந்தக் கோட்டிங்தான். ஆணி வழியாவும், அடிபட்ட இடத்து வெடிப்பு வழியாவும் தண்ணி உள்ளே போய் வெளியே வர வழியில்லாம நிக்கும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள பலகை சோறு மாதிரி குழைஞ்சிருக்கும். சின்னச் சுத்தியலால ஓரடிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே வந்தா சத்தத்துலயே தெரியும். கெட்டியான இடத்துல கணீர்னு, விட்டுப்போன இடத்துல 'பொத்' னு. பொத்துன்னு கேக்கற இடத்தைச் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிடுங்க. சர்வேயர் வந்து கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அந்த வட்டத்தை வெட்டித் திறந்து, கெட்ட பலகையை மாத்தி, மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. தேதி தெரியற மாதிரி.

பெரும்பாலும் கெட்டுப்போறது பின்பக்கம், ஸ்டெர்ன் டியூப் (புரொப்பல்லர் தண்டு வெளிய போற குழாய்) சுத்தி, அப்புறம் ஐஸ் பெட்டிக்குக் கீழ இருக்கிற வங்குகள் (குறுக்குச் சட்டங்கள்). ஐஸ் உருகுற நல்ல தண்ணி மரத்துக்கு உப்புத்தண்ணியைவிட எமன். ஏராக்கட்டையில (படகோட அடி நடுக்கட்டை) பூச்சி துளைச்சிருக்கான்னு கூரான கம்பியால குத்திப் பாருங்க, கால் அங்குலத்துக்கு மேல இறங்கினா கவனிக்கணும். அதோட கிளாண்ட் பேக்கிங் (தண்டு வழியா தண்ணி வராம அடைக்கறது), சுக்கான் ஆட்டம், பில்ஜ் பம்பு (அடியில சேர்ற தண்ணியை இறைக்கறது) ரெண்டும் ஓடுதா, பேட்டரி வயரிங். இப்ப வயரிங்கைத்தான் ரொம்ப நோண்டறாங்க, விசாகப்பட்டினத்துக்கு அப்புறம். வீல்ஹவுஸ்ல பியூஸ் இல்லாம நேரா இழுத்த ஒயர், கேஸ் சிலிண்டர் பக்கத்துல பேட்டரி, இதெல்லாம் இருந்தா ரிப்போர்ட்ல எழுதிடுவாங்க.

ரிப்போர்ட்ல 'இதை இதைச் சரிசெய்யணும்'னு ஒரு பட்டியல் வரும். செஞ்சு முடிச்சு பில்லோட அனுப்பிக் கம்பெனியில இருந்து எழுத்துல பதில் வாங்குங்க. செய்யாம விட்டு, பின்னாடி அதே காரணத்தால படகு மூழ்கினா, 'தெரிஞ்சே கடலுக்கு அனுப்பினீங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. தேய்மானம், இத்துப்போறது எந்தப் பாலிசியிலயும் வராது.

ஹல்_டெஸ்க்:

கலப்பத்து அண்ணே படகைப் பத்திச் சொன்னது சரி. காகிதத்தை விட்டுட்டார். கிளைம் தள்ளுபடி ஆகறது மரத்தால ஆகறதைவிடக் காகிதத்தால ஆகறதுதான் சாஸ்தி.

எஞ்சின் நம்பரை ஒரு டார்ச் வெச்சுப் போய்ப் பாருங்க. பதிவுச் சான்றுல இருக்கிற நம்பரும் பிளாக்ல வெட்டியிருக்கிற நம்பரும் ஒண்ணா? எஞ்சின் மாத்திட்டு ஆர்சி-யில மாத்தாம ஓட்டறவங்க ஏராளம். அதுலயும் கூடுதல் குதிரைத்திறன்னா இன்னும் சிக்கல், 240-க்கு மேல மாநில விதியிலயே இடமில்ல. கம்பெனி காப்பீடு பண்ணின பொருளே வேறன்னு ஆயிடும்.

பழைய படகு வாங்கினவங்க பேர் மாத்தினீங்களா? படகை வித்த அன்னைக்கே பழைய ஓனர் எடுத்த ஹல் பாலிசி செத்துடும், கம்பெனி எழுத்துல ஒத்துக்கிட்டாலொழிய. வண்டிக்கு மாதிரி கூடவே வராது.

பாம்பன்_லம்பாடி:

எங்க மாதிரி பைபர் வள்ளம் வெச்சிருக்கிறவங்களுக்கு வழி உண்டா? 30 அடி, அவுட்போர்டு. ஆபீஸ்ல கேட்டா 'மீனவர் காப்பீடு இருக்கே'ன்னு அனுப்பிடறாங்க.

ஹல்_டெஸ்க்:

அவங்க சொல்றது பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல வர்ற விபத்துக் காப்பீடு. இறந்தா அல்லது முழு ஊனம்னா 5 லட்சம், பகுதி ஊனம்னா 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. அது ஆளுக்கு. வள்ளத்துக்கு நயா பைசா கிடையாது.

ஒத்தை வள்ளத்துக்குக் கேட்டா சர்வே செலவே கட்டுப்படியாகாதுன்னு ஒதுக்கிடுவாங்க. கூட்டுறவுச் சங்கம் மூலமா இருபது முப்பது வள்ளம் சேர்ந்து ஒரே பட்டியலாப் போங்க. ஒரே நாள்ல ஒரே சர்வேயர் எல்லாத்தையும் பார்த்துடுவார்.

அவுட்போர்டைத் தனியா நம்பரோட எழுத வைங்க. யாட் கிளாஸ் (உல்லாசப் படகுக்கான விதிகள்) அடிப்படையில வர்ற பாலிசியில, மோட்டார் கழண்டு கடல்ல விழுந்தா வராது. திருட்டுன்னாலும், வழக்கமான கிளாம்புக்கு மேல தனிப் பூட்டு போட்டிருந்தாத்தான் வரும். ரெண்டு கிளாம்பு திருகை மட்டும் நம்பி விட்டா கிளைம் போச்சு. சங்கிலியும் பூட்டும் வாங்கின பில்லை வெச்சுக்குங்க. டிரான்சம் பலகையையும் (மோட்டார் மாட்டுற பின்பலகை) பாருங்க, போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள இருக்கிற பிளைவுட் ஊறியிருந்தா மோட்டார் விழறதுக்கு அதுதான் காரணம்னு எழுதுவாங்க.

வலைக்குத் தனியாக் கேக்கணும். வலை பாறையில சிக்கிக் கிழிஞ்சதுக்கெல்லாம் எவனும் தரமாட்டான்.

அக்கரைப்பேட்டை_58:

நன்றி அண்ணே ரெண்டு பேருக்கும். இன்னும் ரெண்டு சந்தேகம். இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போனா இதுல வருமா? ஏதாவது ஆச்சுன்னா முதல்ல யாருக்குச் சொல்லணும்?

ஹல்_டெஸ்க்:

வராது. பிடிப்பு, பறிமுதல், தடுத்துவைப்பு எல்லாம் போர் விலக்கு கிளாஸ்ல வெளியே போயிடும். அதுவும் எல்லைக்கோட்டைத் தாண்டினப்போ பிடிச்சாங்கன்னா, தனியா வாங்கின கவரேஜ்லயும் நிக்காது, பாலிசியில எழுதியிருக்கிற கடல் எல்லையையும் சேர்த்து மீறியாச்சு. விடாத படகுக்கு அரசு தர்ற நிவாரணம் வேற கணக்கு, இதோட குழப்பாதீங்க. எல்லைக்கு இந்தப் பக்கம் பிடிச்சாங்கன்னு வாதாடவாவது ஜிபிஎஸ் தடமும் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கிற இடத்தைக் கரைக்கு அனுப்புற கருவி) பதிவும் வேணும். டிரான்ஸ்பாண்டரை அணைச்சு வெக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

விபத்துன்னா முதல்ல உயிர். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஜிபிஎஸ் திரையை நேரம் தெரிய போட்டோ எடுங்க. அடுத்தது கம்பெனிக்குத் தகவல், போன்ல சொன்னாலும் அதே நாள்ல ஈமெயில் அல்லது வாட்ஸ்அப்ல எழுத்து போகணும். ஏஜென்ட்கிட்ட சொன்னது கம்பெனிக்குச் சொன்னதா ஆகாது.

படகு கரைக்கு வந்துட்டா சர்வேயர் பார்க்கறவரைக்கும் ஒரு ஆணிகூடப் பிடுங்காதீங்க. ஆனா நஷ்டம் பெருகாம இருக்க நீங்க செய்யற வேலை, அதாவது இழுத்துட்டு வந்த படகுக்கு டீசல், கயிறு, பம்பு வாடகை, இதெல்லாம் பாலிசியில சேர்த்துக் கேக்கலாம். அதனால மீட்க வந்த படகுக்காரர்கிட்ட அன்னைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கூடவே மரைன் போலீஸ் ஸ்டேஷன் புகார் நகல், அன்னைக்குக் கடலுக்குப் போக மீன்துறையில வாங்கின அனுமதி டோக்கன், ஆளுங்க பட்டியல், அந்த நேரத்து வானிலை எச்சரிக்கை. புயல் எச்சரிக்கை இருந்த நாள்ல டோக்கன் இல்லாமப் போயிருந்தா, டிரைவர் தன்னிஷ்டத்துக்குப் போனாரா, ஓனர் அனுப்பினாரான்னு நோண்டுவாங்க. டிரைவரோட கவனக்குறைவுக்குக் கவரேஜ் உண்டு, ஓனர் தெரிஞ்சே அனுப்பினதுக்குக் கிடையாது.

கலப்பத்து_குளச்சல்:

தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துல மணல் அடைச்சு படகு கவிழறப்பவும் இதே கேள்விதான் வரும். அங்க போறவங்க மணல் மேடு போட்டோவும், தூர்வாரச் சொல்லிச் சங்கத்துல கொடுத்த மனு நகலும் கையில வெச்சுக்குங்க.

ஹல்_டெஸ்க்:

ஆமா. அப்புறம், 6 லட்சம் கடன் இருக்குன்னு சொன்னீங்க. பாலிசியில பேங்க் கிளாஸ் போட்டிருப்பாங்க, கிளைம் பணம் முதல்ல அவங்களுக்குப் போகும். கடன் முடிஞ்ச அன்னைக்கே பேங்க்ல கடிதம் வாங்கி அந்த கிளாஸை எடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா கடனே இல்லாத பேங்க் கணக்குல போய் பணம் உக்காந்துக்கும், எடுக்க மாசக்கணக்கா அலையணும். புதுப்பிக்கிற தேதிக்கு 45 நாள் முன்னாடியே சர்வே ரிப்போர்ட்டோட நாலு கம்பெனியில கொட்டேஷன் கேளுங்க. 'மரப்படகு, 15 வயசுக்கு மேல'ன்னு வாயால சொன்னா வேண்டாம்பாங்க. போட்டோவும் ரிப்போர்ட்டும் மேஜையில இருந்தா கிளை மேனேஜர் மண்டல ஆபீஸுக்கு அனுப்பியாவது பார்ப்பார்.